பூஞ்சணம் பூத்த ஒலிநாடா

மழைக்காலம் முடிந்து பீரோவின் அடித்தட்டைத் திறக்கும்போது, பழைய கேசட்டின் சாளரத்துக்குள் தெரியும் நாடாச் சுருளின் விளிம்பில் திருநீறு தூவியது போன்ற வெண்மை படிந்திருக்கும். அது பூஞ்சணம். உடனே பிளேயரில் போட்டுக் கேட்டுவிடத் தோன்றும். அந்த ஆவலைத்தான் முதலில் அடக்க வேண்டும்.

நாடா என்பது இரும்பு ஆக்சைடுத் துகள்களைப் பசையில் குழைத்துப் பூசிய பாலியஸ்டர் படலம். ஒலி அத்துகள்களின் காந்தத்தில் இருக்கிறது. அது பூஞ்சைக்கு உணவல்ல. பசையும், அதில் கலந்த மசகும், மேலே படிந்த தூசியும் விரல் எண்ணெயுமே அதன் இரை. காற்றின் ஈரப்பதம் 65 விழுக்காட்டுக்கு மேல் நாள்கணக்கில் நீடித்தால் அது வளரும். ஆனால் காந்தத் துகள்களை அது தின்னாததால், உள்ளே இருக்கும் குரல் பெரும்பாலும் அழிந்திருக்காது.

கேசட்டில் நாடா வினாடிக்கு 4.76 செ.மீ. நகர்வதால், 10,000 ஹெர்ட்ஸ் ஒலியின் ஓர் அலை 4.76 மைக்ரான் (மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு) நீளமே பிடிக்கிறது. பூஞ்சை வித்துகள் நாடாவுக்கும், பிளேயரில் அதைத் தொட்டு ஒலியைப் படிக்கும் ஹெட்டுக்கும் நடுவே புகுந்து 3 மைக்ரான் இடைவெளியை உண்டாக்கினாலே அவ்வொலி ஏறத்தாழ 34 டெசிபெல் குறைந்துவிடும். 100 ஹெர்ட்ஸ் ஒலியோ அரை டெசிபெல்கூடக் குறையாது. பாட்டியின் பேச்சில் 'ஸ', 'ஷ' மங்கி, போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்பது இதனால்தான். அதே வித்துகள் ரப்பர் உருளையில் ஒட்டிக்கொண்டு, அடுத்துப் போடும் நல்ல கேசட்டுக்கும் தொற்றும்.

தொட்டால் இழுகும் பூஞ்சணம் உயிர்ப்புடன் இருக்கிறது; பொடியாக உதிர்வது உறங்குகிறது. ஈரமாக இருக்கையில் துடைத்தால் சுருளுக்குள் அப்பிக்கொள்ளும் என்பதால், அந்தக் கேசட்டை மட்டும் தனியே ஈரத்தை உறிஞ்சும் சிலிகா ஜெல்லுடன் மூடிய டப்பாவில் வைத்து உலர்த்த வேண்டும். வடகத்தைப் போல வெயிலில் காயவைக்கவே கூடாது. சூட்டில் நாடா நெளிந்துவிடும்.

உலர்ந்த பின், என்-95 முகக்கவசமும் கையுறையும் அணிந்து, வீட்டுக்கு வெளியே, நூல் உதிராத மென்துணியால் விளிம்பைத் துடைக்கலாம். ஆஸ்துமா உள்ளவர்கள் இதைப் பிறரிடம் விட்டுவிடுவதே நல்லது. திருகு உள்ள கேசட்டானால் திறந்து, சுருள்களைப் புதிய கூட்டுக்கு மாற்றுவது இன்னும் சிறப்பு. பழைய கூட்டில் நாடாவை ஹெட்டோடு அழுத்திப் பிடிக்கும் பஞ்சிலும் பூஞ்சணம் குடியிருக்கும். வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும் பழைய ஸ்பூல் நாடாக்கள் அசிடேட் என்னும் பழைய வகைப் பிளாஸ்டிக்கால் ஆனவை, எளிதில் முறிபவை. அவற்றைக் கைதேர்ந்தவர்களிடமே கொடுக்க வேண்டும்.

பிறகு வழக்கமான வேகத்திலேயே ஓட்டிக் கணினியில் பதிவு செய்துகொண்டு, ஒவ்வொரு பக்கமும் முடிந்ததும் ஹெட்டை ஐசோபுரோப்பைல் ஆல்கஹால் தொட்ட பஞ்சால் துடைக்க வேண்டும். பஞ்சில் லேசான பழுப்பு ஏறுவது இயல்பு. சாம்பல் நிறப் பொடி வந்தால் ஓட்டத்தை நிறுத்தி, நாடாவை மறுபடி துடைக்க வேண்டும்.