காதுக்குள் ஓடும் மோட்டார்

எங்கள் அப்பத்தா வீடு கானாடுகாத்தானுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறது. இந்தத் தெருவில் நுழைந்தால் அடுத்த தெருவில் வெளியே வரலாம், அவ்வளவு நீளம். முகப்பு, பட்டாலை, வளவு, இரண்டாங்கட்டு என்று உள்ளே போய்க்கொண்டே இருக்கும். ஒரு காலத்தில் நாற்பது பேருக்கு உலை வைத்த வீட்டில் இப்போது அப்பத்தாவும், சமையலுக்கு வரும் ஓர் அக்காவும்தான். ராத்திரி எட்டு மணிக்கு அந்த அக்கா கிளம்பிவிட்டால் அதன்பிறகு ஒரு சத்தமும் இருக்காது.

போன வருஷம் லீவுக்குப் போயிருந்தபோது படுத்த கொஞ்ச நேரத்தில் அப்பத்தா கூப்பிட்டார். "ஏப்பா, மோட்டார நிப்பாட்டலையா? தண்ணி வழிஞ்சிரப் போகுது." எழுந்து போய்ப் பார்த்தேன். மோட்டார் ஓடவில்லை. வந்து சொன்னேன். பத்து நிமிஷம் கழித்து மறுபடி அதே கேள்வி. அன்றைக்கு நாலு தடவை எழுந்து போனேன்.

காலையில் போனில் விசாரித்தால் வீட்டில் எல்லாருக்கும் ஏற்கெனவே தெரிந்திருந்தது. வயசாகிவிட்டது, தனியாக இருந்து இருந்து மனசு பேதலித்துவிட்டது என்றார்கள். மந்திரித்துக் கயிறு கட்டலாம் என்று ஒருவர் சொன்னார். எனக்கு அடிவயிற்றைக் கலக்கியது. மனசு சரியில்லை என்று ஒருவருக்குப் பெயர் வைத்துவிட்டால் அது எங்கே கொண்டுபோய் விடும் என்று நம் பக்கத்தில் எல்லாருக்கும் தெரியும். 2001 ஆகஸ்ட் 6 அன்று ஏர்வாடியில் ஒரு மனநலக் காப்பகத்தில் தீப்பிடித்தது. சங்கிலியால் கட்டப்பட்டிருந்தவர்களால் ஓட முடியவில்லை. 28 பேர் இறந்துபோனார்கள்.

அப்பத்தாவுக்குப் பைத்தியம் இல்லை. அவருக்கு இருப்பது காதிரைச்சல். வெளியே சத்தமே இல்லாதபோது காதுக்குள் 'ஙொய்' என்றோ, சில்வண்டு கத்துவது போலவோ, மோட்டார் ஓடுவது போலவோ கேட்கும். உலகத்தில் பெரியவர்களில் பத்துப் பேரில் ஒருவருக்காவது இது ஏதோ ஓர் அளவில் இருக்கிறது. கேட்கிற சத்தம் பொய்யில்லை, அதை உண்டாக்குவது மூளை.

உள்காதில் நத்தை ஓடு மாதிரி சுருண்ட ஒரு குழாய் இருக்கிறது. பட்டாணி அளவுதான். நீட்டிப் பிடித்தால் சுமார் 35 மில்லிமீட்டர் வரும். அதற்குள் ஏறத்தாழ 15,000 மயிர் செல்கள் வரிசையாக நிற்கின்றன. சத்தம் வந்தால் செல்லின் தலையில் இருக்கும் நுண்ணிய மயிர்கள் சாய்கின்றன. அந்தச் சாய்வுதான் மின் சமிக்ஞையாக மாறி நரம்பு வழியாக மூளைக்குப் போகிறது. குழாயின் வாசல் பக்கத்துச் செல்கள் கீச்சுக்குரல்களுக்கு, உள்கோடியில் இருப்பவை கட்டைக்குரல்களுக்கு. வயசானாலும், பேரிரைச்சல் பட்டாலும் முதலில் சாவது பெரும்பாலும் வாசல் பக்கத்துச் செல்கள்தான். மனிதர்களில் இவை ஒருமுறை செத்தால் மறுபடி முளைப்பதில்லை.

"காது கேக்குது, என்ன பேசுறீகன்னுதான் வெளங்கல" என்று பெரியவர்கள் சொல்வது இதனால்தான். அ, ஆ, ஓ போன்ற உயிரொலிகள் கட்டைக்குரல் பக்கம் இருப்பதால் கேட்டுவிடும். ச, ஸ, த போன்றவற்றைப் பிரித்துக் காட்டும் மெல்லிய ஓசைகள் கீச்சுக்குரல் பக்கம் இருக்கின்றன. அவை போனால் பேச்சு முழுக்கக் குழம்பிவிடும்.

சரி, செல் செத்தால் சத்தம் குறையத்தானே வேண்டும், புதுசாக ஏன் ஒன்று கேட்கிறது? அப்பத்தாவின் பழைய வால்வு ரேடியோவை நினைத்துக்கொள்கிறேன். இலங்கை வானொலி சரியாகப் பிடிக்காத நாளில் ஐயா சத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவார். பாட்டு வராது, 'உஸ்' என்ற இரைச்சல் மட்டும் வளவு முழுக்கப் பரவும். அந்த இரைச்சலில் பெரும்பகுதி எப்போதும் இருப்பதுதான். பாட்டு இருக்கும்போது அதன் அடியில் அமுங்கிக் கிடக்கும்.

மூளை நரம்பு செல்கள் சும்மா இருக்கும்போதும் கொஞ்சம் துடித்துக்கொண்டேதான் இருக்கும். காதிலிருந்து வரவேண்டிய செய்தி குறைந்ததும், மூளை அந்தச் சுருதிக்கான தன் பகுதியில் உணர்திறனைக் கூட்டுகிறது. தொலைந்துபோன சத்தத்தைத் தேடுகிறது என்றே சொல்லலாம். தேடும்போது அகப்படுவது அதன் சொந்த இரைச்சல்தான். அதனால்தான் பெரும்பாலானவர்களுக்கு எந்தச் சுருதியில் காது மந்தமோ, இரைச்சலும் ஏறக்குறைய அந்தச் சுருதியிலேயே இருக்கிறது.

இதை நான் நேரில் பார்த்தேன். ஒரு நாள் ராத்திரி பின்கட்டு முற்றத்தில் அப்பத்தாவோடு உட்கார்ந்திருந்தேன். கருவேலங்காட்டுப் பக்கமிருந்து சில்வண்டுச் சத்தம் காதைத் துளைத்தது. "பூச்சி கத்துறது கேக்குதா அப்பத்தா?" என்றேன். தலையைச் சாய்த்துக் கவனித்தார். "உள்ள கத்துறதுதான் கேக்குது. வெளிய ஒண்ணும் இல்லையே" என்றார்.

காதிலிருந்து மூளைக்குப் போகும் நரம்பை அறுவை சிகிச்சையில் வெட்டிய பிறகும் பலருக்கு இரைச்சல் நிற்பதில்லை. காலை எடுத்த பிறகும் இல்லாத கட்டைவிரல் அரிக்கிறது என்று சர்க்கரை நோயாளிகள் சொல்வார்களே, அதற்கு உறவுக்காரன் இது. இன்னொரு சோதனை 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் செய்தது. காது நன்றாக இருக்கும் 80 பேரை ஒவ்வொருவராகச் சத்தம் புகாத அறையில் சில நிமிஷம் உட்கார வைத்து, என்ன கேட்டாலும் எழுதச் சொன்னார்கள். 94 சதவீதம் பேர் ஏதோ ஓர் இரைச்சல் கேட்டதாக எழுதினார்கள். முழு அமைதியில் விட்டால் கிட்டத்தட்ட எல்லாருக்கும் இது கேட்கும். நாற்பது பேர் புழங்கிய வீடு காலியான பிறகு அப்பத்தாவுக்கு இரைச்சல் கூடியதில் வியப்பே இல்லை.

எனக்கு உண்மையில் அதிர்ச்சியாக இருந்தது வேறு. வெளியிலிருந்து ஒரு சத்தத்தை ஒலிக்கவிட்டு, "உங்கள் இரைச்சல் இவ்வளவு இருக்குமா?" என்று ஒப்பிட்டுப் பார்க்கும் பரிசோதனை உண்டு. தூக்கம் கெட்டு, சாகலாமா என்று நினைக்கும் அளவுக்குப் போனவர்களிடம்கூட, அந்தச் சுருதியில் அவர்களால் கேட்க முடிந்த மிகக் குறைந்த சத்தத்தைவிடச் சில டெசிபல் மேலே மட்டும்தான் பெரும்பாலும் வருகிறது. அவ்வளவு மெல்லிய ஓசை. அதே அளவு இரைச்சலோடு கவலையே இல்லாமல் வாழ்கிறவர்களும் இருக்கிறார்கள். அப்படியானால் ஆளைப் பைத்தியம் பிடிக்க வைப்பது சத்தத்தின் அளவு இல்லை.

எங்கள் பட்டாலையில் ஒரு பெண்டுலக் கடிகாரம் உண்டு. மணிக்கொரு தரம் அடிக்கும். வீட்டில் யாருக்கும் அது கேட்காது, வந்த விருந்தாளிதான் திடுக்கிடுவார். திரும்பத் திரும்ப வந்தும் நல்லதோ கெட்டதோ செய்யாத ஒன்றை மூளை கொஞ்சநாளில் ஒதுக்கிவிடுகிறது. ஆனால் 'இது ஆபத்து' என்று ஒருமுறை முத்திரை குத்திவிட்டால் ஒதுக்காது, கூடுதலாகக் காவல் காக்கும். காதிரைச்சல் வந்தவுடன் மனுஷனுக்கு என்ன தோன்றும்? மூளையில் கட்டியோ, செவிடாகிவிடுவோமோ, புத்தி கெடுகிறதோ என்றுதான். அந்தப் பயம்தான் முத்திரை. பயத்தால் தூக்கம் போகும், தூக்கம் போனால் எரிச்சல் கூடும், எரிச்சலில் இன்னும் கவனித்துக் கேட்போம். 1990இல் யாஸ்ட்ரபாஃப் என்ற ஆய்வாளர் இந்தச் சுழலைத்தான் காதிரைச்சலின் மையமாக எடுத்து வைத்தார்.

நிறுத்த முடியாது என்பதும் ஒரு காரணம். கிளாஸ், சிங்கர் என்ற உளவியலாளர்கள் 1972இல் வெளியிட்ட சோதனைகளில், இரைச்சலுக்கு நடுவே வேலை செய்தவர்களில் சிலருக்கு மட்டும் 'தாங்க முடியாவிட்டால் இதை அழுத்தி நிறுத்திக்கொள்ளலாம்' என்று ஒரு பொத்தான் தந்தார்கள். பெரும்பாலானவர்கள் அழுத்தவே இல்லை. ஆனாலும் பிறகு கொடுத்த புதிர்களில் பொத்தான் இல்லாதவர்களைவிட அவர்கள் நன்றாகவே செய்தார்கள். அப்பத்தா மோட்டாரை நிறுத்தச் சொன்னது அந்தப் பொத்தானைத் தேடித்தான்.

1801இல், 30 வயதில், பேத்தோவன் தன் டாக்டர் நண்பருக்கு எழுதிய கடிதத்தில் காது இரவும் பகலும் இரைகிறது என்கிறார். செவிடு என்று வெளியே சொல்ல முடியாமல் இரண்டு வருஷமாக மனிதர் கூடும் இடங்களுக்கே போவதில்லை என்றும் எழுதுகிறார். அப்பத்தாவும் கல்யாண வீடுகளுக்குப் போவதை நிறுத்தியிருந்தார். முழங்கால் வலி என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

இன்னொன்றையும் அவர் ரொம்ப நாள் மறைத்திருக்கிறார். சில ராத்திரிகளில் நாகஸ்வரம் கேட்கிறதாம். காது மந்தமான முதியவர்களுக்கு இது நடப்பதுதான். தேடும் மூளை பழைய ஞாபகத்திலிருந்து பாட்டையே எடுத்துப் போட்டுவிடுகிறது. யாரோ திட்டுவதாக, கட்டளையிடுவதாகக் கேட்கும் குரல்கள் வேறு, அதற்கு மனநல மருத்துவம் வேண்டும். அது பாட்டுத்தான், நிஜத்தில் யாரும் வாசிக்கவில்லை என்று தெரிந்தே ஒருவர் சொன்னால் முதலில் காதைத்தான் பார்க்க வேண்டும்.

காரைக்குடியில் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போனோம். முதலில் குறும்பியை எடுத்தார். குறும்பி அடைத்தாலே இரைச்சல் வரும், பட்ஸ் போட்டுக் குடைந்தால் இன்னும் உள்ளேதான் தள்ளும். காய்ச்சிய நல்லெண்ணெய் ஊற்றுகிறவர்கள் தயவுசெய்து நிறுத்துங்கள், செவிப்பறை வெந்துவிடும். அப்புறம் செவித்திறன் சோதனை. நான் நினைத்தபடியே வரைகோடு கீச்சுக்குரல் பக்கம் சரிந்து விழுந்தது. சாப்பிடும் மாத்திரைகளையும் கேட்டு எழுதிக்கொண்டார், அதிக அளவு ஆஸ்பிரினுக்கே காது இரையும். ஒரு காதில் மட்டும் இரைந்தாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து 'லப் லப்' என்று கேட்டாலோ தள்ளிப்போடாமல் காட்ட வேண்டும். திடீரென்று ஒரு காது அடைத்துப்போனால் அன்றைக்கே ஓட வேண்டும். நாள் தள்ளினால் மருந்து பலிக்கும் வாய்ப்பு குறைந்துகொண்டே போகும்.

காதிரைச்சலை அறவே நிறுத்தும் மாத்திரை இன்றுவரை கிடையாது. ஆனால் அதன் பிடியைத் தளர்த்த முடியும். அப்பத்தாவுக்குக் காதொலிக் கருவி வைத்தார்கள். தொலைந்த சத்தம் திரும்ப வந்தால் மூளை தேட வேண்டியது குறைகிறது. பயத்தை அவிழ்த்துப் பார்க்கும் பேச்சு சிகிச்சையான அறிவாற்றல் நடத்தை சிகிச்சைக்குத்தான் இதில் நல்ல ஆதாரம் இருக்கிறது. அப்பத்தாவிடம் நான் செய்தது அதில் பத்தில் ஒரு பங்கு. அந்த ரேடியோ கதையைச் சொன்னேன், அவ்வளவுதான். "அப்ப எனக்குக் கிறுக்கு இல்லையா?" என்று கேட்டார். அதை எத்தனை மாதமாக உள்ளே வைத்திருந்தாரோ.

படுக்கும்போது கருவியைக் கழற்றிவிடுவதால் ராத்திரிக்கு வேறு சத்தம் வேண்டும். இரைச்சலை மூழ்கடிக்கக் கூடாது, இரண்டும் சேர்ந்து கேட்கிற மாதிரி ஒரு பிடி குறைவாக இருந்தால்தான் மூளை பழகும் என்றார் மருத்துவர். அந்த அளவைப் பிடிக்க எங்களுக்கு மூன்று ராத்திரி ஆனது. ரேடியோ ஒத்துவரவில்லை, பேச்சு வந்தால் அப்பத்தா எழுந்து உட்கார்ந்து கேட்க ஆரம்பித்துவிடுகிறார். கடைசியில் மேஜை ஃபேன்தான் சரிப்பட்டது. இரண்டாம் நம்பரில் வைத்து, காற்று முழங்காலில் படாமல் சுவரைப் பார்த்துத் திருப்பி, தலைமாட்டுக்குக் கிட்டத்திலேயே வைத்திருக்கிறோம்.