முடிவு தெரிந்த காதலுக்கு ஏன் நெஞ்சு படபடக்கிறது?

கொரிய மொழியில் 'சிம்குங்' என்று ஒரு சொல் புழங்குகிறது. 'சிம்' என்றால் இதயம். 'குங்' என்பது கனமான பொருள் ஒன்று தரையில் விழும் ஓசை, நம் ஊர் 'தொம்' மாதிரி. மழையில் நிற்கும் நாயகியின் தலைக்கு மேல் சத்தமில்லாமல் ஒரு குடை வந்து விரியும்போது, பார்ப்பவருக்குள் ஒன்று விழுகிறதே, அதுதான் சிம்குங்.

போன மாதம் ஒருநாள் இரவு ஒன்றரை மணிக்கு நான் அப்படித்தான் உட்கார்ந்திருந்தேன். ஓடிக்கொண்டிருந்தது 'பிசினஸ் ப்ரொபோசல்'. 2022இல் எஸ்பிஎஸ் தொலைக்காட்சியில் 12 அத்தியாயங்களாக வந்த தொடர். ஷின் ஹாரி தன் தோழிக்குப் பதிலாக 'மத்சொன்' எனப்படும் வரன் பார்க்கும் சந்திப்புக்குப் போகிறாள். (பஜ்ஜி, சொஜ்ஜி, மாமா, சித்தப்பா யாரும் கிடையாது, பையனும் பெண்ணும் மட்டும்.) கன்னாபின்னாவென்று நடந்து மாப்பிள்ளையை விரட்டுவது திட்டம். வந்து உட்கார்ந்தவரோ அவள் வேலை பார்க்கும் உணவு நிறுவனத்தின் தலைவர். அவரும் அடுத்து பார்க்கிற பெண் யாரானாலும் கட்டிக்கொள்வது என்று முடிவெடுத்துவிட்டு வந்திருக்கிறார்.

தண்ணீர் குடிக்க எழுந்து வந்த அம்மா ஒரு நிமிடம் நின்று பார்த்தாள். "இதுங்க ரெண்டும் சேர்ந்துடும்னு எனக்கே தெரியுது. உனக்குத் தெரியாதா? எதுக்கு முழிச்சிட்டு இருக்கே?"

நியாயமான கேள்விதான். இதற்குப் பதில் சொல்ல ஒரு குரங்கையும் கொஞ்சம் பழச்சாற்றையும் கூப்பிட வேண்டும்.

மூளையில் டோபமின் என்னும் வேதிப்பொருளைச் சுரக்கும் நரம்பணுக்களை வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ் என்ற நரம்பியல் ஆய்வாளர் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். குரங்குக்குத் திடீரென்று பழச்சாறு கிடைத்தால் இந்த அணுக்கள் படபடவென்று துடித்தன. அடுத்து, சாறு வருவதற்குச் சற்று முன்பு ஒரு விளக்கு எரியும்படி வைத்துப் பழக்கினார்கள். பழகிய பிறகு துடிப்பு இடம் மாறிவிட்டது. விளக்கு எரிந்ததும் அணுக்கள் துடித்தன. சாறு நாக்கில் பட்டபோது சும்மா இருந்தன. விளக்கு எரிந்தும் சாறு வரவில்லையென்றால், வரவேண்டிய அந்த நொடியில் துடிப்பு வழக்கத்தைவிடக் கீழே இறங்கியது.

குடை, முதல் பனி, மாடிப்படியில் இடறி விழுதல், கண்ணுக்குள் விழுந்த தூசி. ஒரு கொரியத் தொடரை முழுதாகப் பார்த்தவருக்கு இவையெல்லாம் அந்த விளக்குதான். தேய்ந்துபோன காட்சிகள் என்று விமர்சகர்கள் சலித்துக்கொள்வார்கள். மூளைக்குத் தேய்ந்தால்தான் வசதி. பழகாத விளக்கைப் பார்த்து எந்தக் குரங்கும் துள்ளாது. முத்தம் கொடுக்கப்போகும் நேரம் பார்த்து கைப்பேசி அடிக்கிறதே, அங்கே நம் வாயிலிருந்து வரும் "ச்சே!" அந்தக் கீழிறக்கத்தின் ஓசை என்பது என் கணிப்பு.

2003இல் ஷுல்ட்ஸ் குழு இன்னொன்றையும் கண்டது. விளக்குக்கும் சாறுக்கும் நடுவிலுள்ள காத்திருப்பில் இதே அணுக்கள் மெல்ல மெல்ல ஏறிக்கொண்டே போயின. சாறு கட்டாயம் வரும் என்றாலோ, வரவே வராது என்றாலோ அந்த ஏற்றம் இல்லை. வாய்ப்பு பாதிக்குப் பாதி என்றபோதுதான் அது உச்சம் தொட்டது. கொரியர்கள் இதற்கு ஆய்வுக்கூடம் இல்லாமலே பெயர் வைத்துவிட்டார்கள்: 'மில்தாங்'. தள்ளுவது, இழுப்பது என்ற இரண்டு வினைகளின் சுருக்கம். காதலில் கொஞ்சம் நெருங்கி, கொஞ்சம் விலகி ஆட்டம் காட்டுவது. அம்மாவின் கேள்விக்கு விடை இங்கே இருக்கிறது. சேர்வார்களா என்பதில் சந்தேகமே இல்லை. இந்த அத்தியாயத்திலா, அடுத்ததிலா என்பதில்தான் பாதிக்குப் பாதி.

அடுத்தது கை. கொரியத் தொடரில் விரல் நுனி விரல் நுனியைத் தொட எடுத்துக்கொள்ளும் நேரத்தில் ஒரு டம்ளர் காபி ஆற்றிவிடலாம். கை நகர்கிறது, வேறு கோணத்தில் மறுபடி நகர்கிறது, பின்னணிப் பாட்டு எழும்புகிறது, அப்புறம்தான் தொடுகிறது. இது வெறும் இழுவை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.

நம் தோலில், முடியுள்ள பகுதிகளில், மெதுவான வருடலுக்கென்றே சில நரம்பிழைகள் உண்டு. நொடிக்கு 1 முதல் 10 சென்டிமீட்டர் வேகத்தில் வருடினால் அவை நன்றாக வேலை செய்யும். தாய் பிள்ளையின் முதுகைத் தடவும் வேகம் கிட்டத்தட்ட அதுதான். அந்தச் செய்தி போய்ச் சேரும் இடங்களில் முக்கியமானது, மூளையின் மடிப்புக்குள் ஒளிந்திருக்கும் இன்சுலா. 2011இல் வெளிவந்த ஓர் ஆய்வில், வேறொருவர் கையை யாரோ வருடுவதைக் காணொளியில் காட்டினார்கள். பார்ப்பவர்களை யாரும் தொடவில்லை. ஆனாலும் நொடிக்கு 3 சென்டிமீட்டர் வேக வருடலைப் பார்த்தபோது அவர்களின் இன்சுலா கூடுதலாக விழித்துக்கொண்டது. 30 சென்டிமீட்டர் வேகத்துக்கு அவ்வளவாக இல்லை. கொரிய இயக்குநர்கள் இந்த ஆய்வைப் படித்திருக்க வேண்டிய அவசியமில்லை. படம்பிடித்ததை மெதுவாக ஓடவிடும்போது ஒரு சாதாரண கைநீட்டல்கூட வருடலின் வேகத்துக்கு இறங்கிவிடுகிறது என்று எனக்குத் தோன்றுகிறது.

பாட்டும் சும்மா வருவதில்லை. ஒவ்வொரு தொடருக்கும் என்று இசையமைத்த காதல் பாடல் ஒன்று முக்கியத் தருணங்களில் எல்லாம் திரும்பத் திரும்ப ஒலிக்கும். மாண்ட்ரியல் ஆய்வாளர்கள் 2011இல் சிலருக்கு அவர்களுக்கே மிகப் பிடித்த, புல்லரிக்க வைக்கும் இசையைப் போட்டுக்காட்டி மூளையைப் படம்பிடித்தார்கள். புல்லரிக்கும் கணத்தில் ஒரு பகுதியில் டோபமின் சுரந்தது. அதற்குச் சில நொடிகள் முன்பே, 'இதோ வரப்போகிறது' என்ற நேரத்தில், வேறொரு பகுதியில் சுரந்துவிட்டது. பாட்டு தெரிந்திருந்ததால்தான் முன்கூட்டியே சுரக்க முடிந்தது.

சிம்குங்கில் ஒரு வேடிக்கை உண்டு. கவனத்தை இழுக்கும் ஒன்று கண்முன் வந்ததும், இதயம் முதலில் வேகமெடுப்பதில்லை. ஓரிரு நொடி சற்று மெதுவாகிறது. உடல் மூச்சைப் பிடித்துக்கொண்டு 'என்ன அது' என்று பார்க்கும் நேரம் அது. 'ஒரு துடிப்பு தவறியது' என்பது முழுக்கக் கவிஞர் புளுகும் இல்லை.

அம்மா தண்ணீர்ச் சொம்போடு சோபா நுனியில் உட்கார்ந்துவிட்டாள். ஆங்கில வசன வரிகளை அவளால் அந்த வேகத்துக்கு வாசிக்க முடியாது. கேட்டால் சொல்லலாம் என்று காத்திருந்தேன், கேட்கவில்லை. கையையும் கண்ணையும் பார்த்துக்கொண்டிருந்தாள்.

இந்தத் தொடர்களின் பலவீனமும் அதே குரங்குக் கணக்கில்தான் இருக்கிறது. இருவரும் மனம்விட்டுப் பேசிச் சேர்ந்த பிறகு எதிர்பார்த்தது எதிர்பார்த்தபடி வருகிறது. டோபமின் அணுக்களுக்கு வேலை இல்லை. அதனால்தான் கடைசிக் கட்டத்தில் எங்கிருந்தோ ஒரு நோய், ஒரு வெளிநாட்டுப் பயணம், ஒரு பழைய காதலி என்று கொண்டுவந்து, மறுபடி பாதிக்குப் பாதி ஆக்கப் பார்க்கிறார்கள். என்னிடம் அது பலிப்பதே இல்லை. அன்று அடுத்தடுத்து ஓடவிட்டதில், கதை சுகப்பட்டதும் நான் தூங்கிப்போனேன். மீதிக் கதையைக் காலையில் அம்மாதான் சொன்னாள்.