எந்த வைரஸ் கார்ட் நல்லம் எண்டு கேக்க முதல்

மட்டக்களப்பு கல்லடிப் பக்கம் கொம்பியூட்டர் திருத்துற வேலைல கன வருஷமா இருக்கன், "தம்பி எந்த வைரஸ் கார்ட் (அன்டிவைரஸ் சொஃப்ட்வெயார்) நல்லம்?" எண்ட கேள்வி வராத கிழமையே இல்ல. நான் உடன பதில் சொல்றதில்ல. லெப்டொப்ப வாங்கி ஸ்டார்ட்ட அமத்தி வின்டோஸ் செக்யூரிட்டி எண்டு டைப் பண்ணி அதத் திறந்து பாப்பன், என்ன பிரச்சின எண்டு அநேகமா அதுக்குள்ளயே கிடக்கும்.

போன மாசம் களுவாஞ்சிக்குடில இருந்து ஒரு டீச்சர் வந்தா. லெப்டொப்ப ஒன் பண்ணினா முன்னால ஐகன் எல்லாம் வந்து நிக்க பத்து நிமிஷத்துக்கு மேல போகுது, அவ அதுக்குள்ள பிளேன்டீ போட்டுக் குடிச்சி கோப்பையும் கழுவி வச்சிருவாவாம். பாத்தா உள்ளுக்குள்ள மூண்டு வைரஸ் கார்ட். ஒண்டு லெப்டொப் வாங்கக்க ட்ரையலா வந்தது, காலம் முடிஞ்சி ரெண்டு வருஷம். மற்றது தங்கச்சிட மகன் வந்து போட்டுக் குடுத்த ஃப்ரீ ஒண்டு. மூண்டாவது வைரஸ் கார்ட்டே இல்ல, "உங்கள் கொம்பியூட்டரில் 5 வைரஸ்" எண்டு ஸ்க்ரீன்ல மின்னினத பயத்துல அமத்த வந்து குந்தின சாமான். "மூண்டு காவல் போட்டும் ஏன் தம்பி இப்பிடி?" எண்டு கேட்டா. மூண்டு போட்டதாலதான் டீச்சர் எண்டன். நீங்க ஒரு ஃபைலத் திறந்தா ஒருத்தன் அத மறிச்சி சோதிப்பான், அவன் சோதிக்கிறத மற்றவன் மறிச்சி சோதிப்பான், நடுவுல பழைய ஹார்ட் டிஸ்க் கிடந்து அரைபடும். வேற கம்பனிட வைரஸ் கார்ட் ஒண்டு போட்டா வின்டோஸோடயே வாற டிஃபெண்டர் எண்ட வைரஸ் கார்ட் தானா ஒதுங்கிக்கும், அது அப்பிடித்தான் செஞ்சிருக்கு. ஆனா போட்டது காலம் முடிஞ்சி அரைகுறையாக் கிடந்தா, அதுவும் வேல செய்யாது, சிலவேள டிஃபெண்டரயும் எழும்ப விடாது. அன்இன்ஸ்டோல் பண்ணியும் மிச்சம் கிடந்தா அந்தந்தக் கம்பனியே தாற ரிமூவல் டூல் இருக்கு, அதால முழுசாக் கழட்டோணும். கழட்டி ரீஸ்டார்ட் பண்ண டிஃபெண்டர் பச்ச டிக்கோட எழும்பிச்சி. "புதுசா எத போட்ட மனே, எவ்வளவு காசு?" எண்டா. ஒண்டும் போடல்ல, கழட்டினதுக்குத்தான் கூலி எண்டு சொல்ல அவ நம்பவே இல்ல.

ஓசில வந்த சாமான் உருப்படாது எண்டு எங்கட ஆக்களுக்கு ஒரு நினப்பு. வின்டோஸ் எக்ஸ்பி, செவன் காலத்துல அது ஞாயம்தான், அப்ப வின்டோஸோட ஒழுங்கான வைரஸ் கார்ட் வரல்ல, பெட்டில காசு குடுத்துத்தான் வாங்கினம். 2012ல வின்டோஸ் 8 வந்ததோட டிஃபெண்டர் உள்ளுக்கே வந்திட்டு. தொடக்கத்துல சுமார்தான், நானும் அத நம்பாம இருந்தவன்தான். மறுகா நல்லா முன்னேறிட்டு. ஜெர்மனில ஏவி-டெஸ்ட் எண்டும் ஒஸ்ட்ரியால ஏவி-கம்பரட்டிவ்ஸ் எண்டும் வைரஸ் கார்ட்டுகள சோதிக்கிறதயே தொழிலாச் செய்யிற ரெண்டு இடம் இருக்கு. ஏவி-டெஸ்ட்காரர் பாதுகாப்புக்கு 6, வேகத்துக்கு 6, தேவையில்லாம குழப்படி பண்ணாததுக்கு 6 எண்டு 18க்குப் புள்ளி போடுவாங்க. டிஃபெண்டர் அதுல பல தடவ முழுப் புள்ளி எடுத்திருக்கு. ரிசல்ட்ட இன்டர்நெட்ல சும்மா பாக்கலாம், யூடியூப்ல ஆரும் "டொப் ஃபைவ்" சொல்றத விட அதப் பாருங்க, அந்த வீடியோக்கள்ல கனக்கத்துக்கு கீழ கிடக்குற லிங்க்ல வாங்கினா அவங்களுக்குக் கொமிஷன்.

அப்ப டிஃபெண்டர் இருக்கிற கொம்பியூட்டருக்கு ஒண்டுமே வராதா? வரும். எப்பிடி வருது எண்டுதான் விஷயமே.

கல்முனைப் பக்கம் ஸ்டூடியோ வச்சிருக்கிற பொடியன் ஒருத்தன் ஒரு நாள் வெள்ளெனவே வந்து கட திறக்குற வரைக்கும் வாசல்ல நிக்கிறான். கலியாணப் படமெல்லாம் பேருக்குப் பின்னால புதுசா நாலு எழுத்து ஒட்டிக்கொண்டு, ஒண்டும் திறக்குதில்ல. ஒவ்வொரு ஃபோல்டருக்குள்ளயும் ரீட்மீ எண்டு ஒரு கடதாசி மாதிரி, 980 டொலர் தா, 72 மணித்தியாலத்துக்குள்ள கதச்சா பாதி, 490. பாத்த உடனே விளங்கிட்டு, ஸ்டொப் எண்ட ரேன்சம்வெயார் குடும்பம், அதாவது ஃபைலப் பூட்டி வச்சிக் காசு கேக்குற வைரஸ், உலகம் முழுக்க வீட்டுக் கொம்பியூட்டர்களப் போட்டு ஆட்டினது. எப்பிடி வந்த எண்டு கேக்க, வீடியோ எடிட் பண்ற சொஃப்ட்வெயாருக்கு கிராக் போட்டன் அண்ண எண்டான், காசு கட்டாம களவாப் பாவிக்க லைசன்ஸ உடைக்கிற சாமான் அது. கிராக்குக்கு செய்முற சொன்னவன் முதலாவதாச் சொன்னது என்ன தெரியுமா, வைரஸ் கார்ட்ட ஓஃப் பண்ணு. இவனும் பண்ணியிருக்கான். நான் டிஃபெண்டர்ட செட்டிங்ஸ்ல எக்ஸ்க்ளூஷன்ஸ் எண்ட இடத்தத் திறந்து பாத்தன், "இதச் சோதிக்காத" எண்டு நாங்க விலக்கி வைக்கிற லிஸ்ட் அது, அதுல சி டிரைவ் முழுசா ஏறிக் கிடக்கு. வாசல்ல காவல்காரன் நிக்கிறான், வீட்டுப் பக்கம் திரும்பக் கூடாது எண்டு அவனுக்குச் சொல்லி வச்சிருக்கு.

எம்சிசொஃப்ட் எண்ட கம்பனி 2019ல இதுக்கு இலவசமா ஒரு டீக்ரிப்டர், பூட்டின ஃபைலத் திறக்கிற டூல், விட்டது, ஆனா அது எல்லாருக்கும் சரிவராது. பூட்டக்க வைரஸுக்கு இன்டர்நெட் கிடைக்காம, அது தன்னோட கொண்டு வந்த பொதுத் திறப்பால பூட்டினதா இருந்தாத்தான் அநேகமாத் திறக்கும், ஒவ்வொரு ஆளுக்கும் தனித் திறப்பு எடுத்துப் பூட்டினதெண்டா கஷ்டம். இவண்ட தனித் திறப்பு. கடைசில ஒரு மெமரி கார்ட் மட்டும் அழிக்காம கிடந்ததால கூறை மாத்துற படங்கள் மிஞ்சிச்சி, தாலி கட்டினது போயிட்டு. காசு கட்டவா எண்டு கேட்டான், வேணாம் எண்டன், கட்டினாலும் திறப்பு வரும் எண்டதுக்கு ஆர் பொறுப்பு. இதச் சொல்றது ஏனெண்டா, அவன் காசு குடுத்து எவ்வளவு பெரிய வைரஸ் கார்ட் வாங்கியிருந்தாலும் அண்டைக்கு அதயும் ஓஃப் பண்ணியிருப்பான்.

அதால நீங்க இண்டைக்கே பாக்க வேண்டியது ரியல் டைம் புரொடெக்ஷன் ஒன்ல இருக்கா, டிஃபெண்டர வேற சொஃப்ட்வெயார் ஓஃப் பண்ணாம மறிக்கிற டேம்பர் புரொடெக்ஷன் ஒன்ல இருக்கா, எக்ஸ்க்ளூஷன்ஸ் லிஸ்ட் வெறுமையா இருக்கா. நீங்க போடாத ஒண்டு அதுல கிடந்தா ஆரோ போட்டிருக்காங்க. விலைக்கு வாங்கின பழைய லெப்டொப் எண்டா கட்டாயம் பாருங்க, கிராக் வின்டோஸ் போட்டுக் குடுக்கிற ஆக்கள் இத ஓஃப் பண்ணிட்டு திருப்பி ஒன் பண்ண மறந்திருவாங்க.

காசு குடுத்து வாங்கவே வேணாம் எண்டு நான் சொல்லல்ல. வீட்டுல சின்னப் பிள்ளையள் இருக்கு, என்ன பாக்குதுகள் எண்டு ஒரு கட்டுப்பாடு வேணும், ஃபோன் லெப்டொப் எல்லாத்துக்கும் ஒரே லைசன்ஸ் வேணும் எண்டா வாங்குங்க, பிழையில்ல. முதல் வருஷம் மலிவாத் தந்துட்டு ரெண்டாம் வருஷம் முழு விலைய பேங்க் கார்ட்ல இருந்து தானா எடுக்கிறது இருக்கு, ஓட்டோ ரினிவல ஓஃப் பண்ணி வைங்க. ஃபேஸ்புக்ல அரை விலைக்கு விக்கிற கீ வாங்காதீங்க, கொஞ்ச நாள்ல அது செத்துப் போகும், வித்தவனும் புளொக் பண்ணிருவான். 4 ஜிபி ரேம் இருக்கிற லெப்டொப்ல விபிஎன், க்ளீனர், பாஸ்வேர்ட் மெனேஜர் எல்லாம் சேர்ந்த பெரிய பெக்கேஜ் போட்டா அது தவழும். ஃப்ரீயாத் தாறத எடுக்கிறவங்களும் யோசிங்க, அவாஸ்ட் பாவிச்ச ஆக்கள்ட இன்டர்நெட் விபரத்த ஜம்ப்ஷொட் எண்ட தன்ட துணைக் கம்பனியால வித்ததெண்டு 2024ல எஃப்டிசி எண்ட அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பு அவாஸ்டுக்கு 16.5 மில்லியன் டொலர் கட்டச் சொன்னது. கெஸ்பர்ஸ்கிய அமெரிக்கால தடை செஞ்சிட்டாங்களாமே எண்டும் கேக்குறாங்க, ஓம் 2024லதான், ஆனா அது ரஷ்யக் கம்பனி எண்ட அரசியல் பயம், வைரஸ் பிடிக்கத் தெரியாது எண்டு இல்ல. போடுறதும் விடுறதும் உங்கட இஷ்டம்.

வந்தாறுமூல கெம்பஸ் பிள்ளையள் கொண்டு வாறது வேற பிரச்சின. கொமினிகேஷன் கடைல பிரின்ட் எடுக்க பென்ட்ரைவ் குடுத்தது, வீட்ட வந்து பூட்டினா ஃபோல்டரெல்லாம் ஷோர்ட்கட் ஆகிக் கிடக்கும். எசைன்மென்ட் போயிட்டு எண்டு அழுதுகொண்டு ஃபோர்மட் பண்ணிராதீங்க, ஃபைல் போகல்ல, மறச்சி வச்சிருக்கு, எடுத்துத் தரலாம். அந்த ஷோர்ட்கட்ட மட்டும் டபுள் கிளிக் பண்ணாதீங்க, பண்ணினாத்தான் உங்கட லெப்டொப்புக்கும் ஏறும். பிரின்டுக்கு பிடிஎஃப் ஆக்கி வட்ஸ்அப்ல அனுப்பிட்டா இந்தக் கரச்சலே இல்ல.

அப்டேட்ட நிப்பாட்டி வைக்கிறதும் ஒண்டு. டேட்டா முடியுது எண்டு மாசக்கணக்கா போஸ் பண்ணி வச்சிருப்பாங்க. 2017 மே மாசம் வன்னக்ரை எண்ட ரேன்சம்வெயார் வந்து உலகத்தயே ஆட்டினது, அந்த ஓட்டைய அடைக்கிற அப்டேட்ட மைக்ரோசொஃப்ட் மார்ச்சிலயே குடுத்திட்டு, ரெண்டு மாசமாப் போடாம இருந்த ஆக்களுக்குத்தான் அடி. வின்டோஸ் 10க்கு 2025 ஒக்டோபர் 14ஓட சாதாரண சப்போர்ட் முடிஞ்சிட்டு. டிஃபெண்டர்ட வைரஸ் லிஸ்ட் மட்டும் 2028 வரைக்கும் அதுக்கு வரும் எண்டு சொல்லியிருக்காங்க, ஆனா கதவுல விழுற ஓட்டைய அந்த லிஸ்ட் அடைக்காது, வின்டோஸ் 11 ஏறக்கூடிய மெஷின் எண்டா ஏத்திக்கொள்ளுங்க.

ஸ்டூடியோ பொடியன் இப்ப ரெண்டு எக்ஸ்டேர்னல் ஹார்ட் டிஸ்க் வாங்கி, ஒண்ட உம்மாட அலுமாரிக்குள்ள வச்சிருக்கான். படம் கொப்பி பண்ணி முடிஞ்ச கையோட வயரக் கழட்டிரச் சொல்லி அவனுக்குச் சொன்னத்தான் உங்களுக்கும் சொல்றன், வயரக் கழட்டாம விட்டா ரேன்சம்வெயார் அதுக்குள்ள கிடக்கிறதயும் சேத்துத்தான் பூட்டும்.