ரிவர்ல விழுந்த ராஜா: அதே தோல்வி டேபிள்ல ஒரு மாதிரி, ஃபோன்ல வேற மாதிரி வலிக்கிறது ஏன்?

எங்க வீடு தென்னாப்பிரிக்காவுல, டர்பன்ல, சாட்ஸ்வர்த்ல. வெள்ளிக்கிழமை ராத்திரி ஆனா பக்கத்து வீட்டு அங்கிளோட கராஜ்ல சீட்டுக்கட்டு வெளிய வந்துரும். முன்னாடியெல்லாம் துனீ தான் ஆடுவோம், அதாங்க ஜாக்குக்கு தான் பெரிய மதிப்புன்னு வெச்சு 24 சீட்டுல ஆடுற டர்பன் ஆட்டம், பேரே நம்ம 'தண்ணி'ங்கற வார்த்தையில இருந்து வந்ததுன்னு இங்க பெரியவங்க சொல்வாங்க. அதுக்கு சரியா நாலு பேர் வேணும், எங்க கூட்டம் அஞ்சாச்சு, அதனால போக்கருக்கு மாறிட்டோம், அதாங்க ஒவ்வொருத்தர் கையிலயும் ரெண்டு சீட்டு, நடுவுல எல்லாருக்கும் பொதுவா அஞ்சு சீட்டு வர்ற ஆட்டம். காசு கிடையாது, பிளாஸ்டிக் சிப்ஸ் தான், மாசக் கடைசியில யாரு கணக்கு ரொம்ப கீழ இருக்கோ அவங்க எல்லாருக்கும் மட்டன் பன்னி சௌ (பிரெட்டைக் குடைஞ்சு உள்ள குழம்பு ஊத்தித் தர்ற டர்பன் சாப்பாடு) வாங்கித் தரணும், அவ்வளவு தான் பந்தயம்.

2020 பிப்ரவரியில ஒரு ராத்திரி என் கையில ரெண்டு ஏஸ், அங்கிள் கையில ஆட்டின் ராஜாவும் இஸ்பேட் ராஜாவும். நடுவுல ஒரு சீட்டு கூட விழல, அதுக்குள்ள ரெண்டு பேரும் இருக்குற சிப்ஸ் மொத்தத்தையும் உள்ள தள்ளியாச்சு. அந்த இடத்துல ஏஸ் ஜோடிக்கு ஜெயிக்கிற வாய்ப்பு கிட்டத்தட்ட 82 சதவீதம். கையைத் திறந்து வெச்சோம். ஃபிளாப்ல, அதாவது முதல் மூணு பொதுச் சீட்டா, 9, 4, 2 வந்துச்சு, டர்ன்னு சொல்ற நாலாவதுல 7. இப்ப கண்ணுக்குத் தெரியாம மிச்சம் இருக்கறது 44 சீட்டு, அதுல அங்கிளோட ஜோடியை மூணு ராஜாவாக்கி அவரைக் காப்பாத்துறது ரெண்டே ராஜா, அதாவது 22ல ஒண்ணு, 4.5 சதவீதம். சீட்டு போட்டது அங்கிளோட மருமகன், ஒரு சீட்டை கவுத்தபடியே ஒதுக்கி வெச்சுட்டு அடுத்ததை, ரிவர்னு சொல்ற கடைசி சீட்டை, கட்டைவிரலால மெதுவா திருப்பினாரு. கிளாவர் ராஜா.

கொஞ்ச நேரம் யாரும் பேசல. அங்கிள் சிரிக்கக் கூட இல்ல, என் தோள்ல கை வெச்சு "சாரி பா, உன் கை தான் ஜெயிச்சிருக்கணும்"னாரு. நானே என் சிப்ஸை ரெண்டு கையாலயும் சேர்த்து அவர் பக்கம் தள்ளினேன், அவர் அதை அடுக்குற சத்தம் இன்னும் காதுல இருக்கு. ஆன்ட்டி டீ கொண்டு வந்தாங்க. அரை மணி நேரம் நெஞ்சுல கல்லு மாதிரி இருந்துச்சு, அப்புறம் போயிருச்சு.

அடுத்த மாசம் 27ஆம் தேதி நாடு முழுக்க லாக்டவுன். பக்கத்து வீட்டுக்குக் கூட போக முடியாதுன்னு ஆனதும் அதே அஞ்சு பேரும் ஃபோன்ல ஒரு ஆப்ல ஆட ஆரம்பிச்சோம், அதே பன்னி சௌ பந்தயம். ஒரு ராத்திரி எனக்கு ராணி ஜோடி, அங்கிளுக்கு 8 ஜோடி, நாலு சீட்டு வந்த பிறகும் நான் தான் முன்னாடி, கடைசி சீட்டு 8. கணக்குப்படி அதே 44ல ரெண்டு. ஆனா இங்க சிப்ஸ் ஒரு செகண்ட் கூட ஆகல, சறுக்கிட்டுப் போயிருச்சு, யாரோ ஒரு தக்காளி படத்தை என் மேல எறிஞ்சாங்க, நான் மூச்சு விடறதுக்குள்ள அடுத்த ரெண்டு சீட்டு கைக்கு வந்துருச்சு. என்னை ஜெயிச்ச மனுஷன் ஒரு சுவத்துக்கு அந்தப் பக்கம், பத்து மீட்டர்ல உக்காந்திருக்காரு, அவர் மூச்சு கூட எனக்குக் கேக்கல. ஃபோனைக் கட்டில்ல வீசிட்டு "இந்த ஆப்பே ஃபிராடு"ன்னு சொன்னேன். நான் ஸ்கூல்ல கணக்கு வாத்தியார். 4.5 சதவீதம்னா என்னன்னு தெரியாதவன் இல்ல. அந்தக் கோபம் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் போகல. ஆளும் அதே, பந்தயமும் அதே, வாய்ப்பும் அதே, அப்ப எது மாறுச்சுன்னு அன்னைக்கு ஆரம்பிச்ச தேடல் தான் இது.

முதல்ல, ஜெயிக்க வேண்டிய கை கடைசியில அதிர்ஷ்டத்தால தோக்கற, பேட் பீட்னு சொல்ற இந்தத் தோல்வி மத்த தோல்வியை விட ஏன் இவ்வளவு எரியுது? வோல்ஃப்ராம் ஷுல்ட்ஸ்னு ஒரு மூளை விஞ்ஞானி குரங்குகளை வெச்சு செஞ்ச சோதனை இதுக்கு நல்லா பொருந்துது. எதிர்பாராம பழச்சாறு கிடைச்சா டோபமைன் செல்கள் வேகமா துடிக்கும். விளக்கு எரிஞ்சா சாறு வரும்னு குரங்கு பழகிட்ட பிறகு சாறுக்குத் துடிக்காது, விளக்குக்கே துடிச்சுரும். இப்ப விளக்கு எரிஞ்சும் சாறு வரலைன்னா, சாறு வர வேண்டிய சரியான அந்த நொடியில துடிப்பு வழக்கமான அளவுக்கும் கீழ போயிரும். 1997ல ஷுல்ட்ஸ், டயான், மாண்டேகு மூணு பேரும் சேர்ந்து எழுதின கட்டுரையில இதை விளக்கியிருக்காங்க. அதாவது மூளை கணக்கு வெக்கறது என்ன கிடைச்சதுன்னு இல்ல, எதிர்பார்த்ததுக்கும் கிடைச்சதுக்கும் எவ்வளவு தூரம்னு. 95 சதவீதம் ஜெயிச்சாச்சுன்னு நிக்கறப்ப அந்தச் சிப்ஸ் என் மனசுல ஏற்கனவே என்னோடது, ராஜா விழுந்த உடனே அது வராத காசு இல்ல, கையில இருந்து பிடுங்கின காசு. கானெமன், ட்வெர்ஸ்கின்னு ரெண்டு உளவியலாளர்கள் 1979ல சொன்ன மாதிரி கிடைக்கறதோட சந்தோஷத்தை விட அதே அளவு இழக்கறதோட வலி பெருசு, பின்னாடி வந்த கணக்குகள்ல சுமார் ரெண்டு மடங்குன்னு வருது.

இன்னொண்ணும் சேருது, மயிரிழை. அதே ரெண்டு பேரும் 1982ல ஒரு கேள்வி கேட்டாங்க: ரெண்டு பேர் பிளைட்டைத் தவற விட்டாங்க, ஒருத்தரோட பிளைட் அரை மணி நேரம் முன்னாடியே கிளம்பிருச்சு, இன்னொருத்தரோடது லேட்டாகி அஞ்சு நிமிஷம் முன்னாடி தான் கிளம்புச்சு, யாருக்கு மனசு அதிகமா கஷ்டப்படும்? 96 சதவீதம் பேர் அஞ்சு நிமிஷக்காரருக்குன்னு சொன்னாங்க. 'இப்படி நடந்திருந்தா'ன்னு கற்பனை பண்றது எவ்வளவு சுலபமோ அவ்வளவு எரிச்சல். ரிவர் சீட்டை விட மெல்லிசான மயிரிழை வேற என்ன இருக்கு.

இதுவரைக்கும் சொன்னது ரெண்டு இடத்துக்கும் பொது. பிரியற முதல் இடம் எண்ணிக்கை, இதை நிறைய பேர் யோசிக்கறதே இல்ல. கையால சீட்டு போடற டேபிள்ல மணிக்கு 25, 30 ஆட்டம் தான் ஓடும். ஆன்லைன்ல ஒரு டேபிள்லயே 60, 80 ஓடும், ஒரே நேரத்துல நாலு டேபிள் திறந்து வெக்கறவங்களுக்கு 250, 300. ஏஸ் ஜோடி வர்றது 221 தடவைக்கு ஒரு தடவை. அப்ப கராஜ்ல ஏழெட்டு மணி நேரம் உக்காந்தா ஒரு தடவை அதைப் பாக்கலாம், நாலு டேபிள்காரர் ஒரு மணி நேரத்துக்குள்ளயே பாத்துருவாரு. 82 சதவீத வாய்ப்போட மோதினா கூட சராசரியா அஞ்சாறு தடவைக்கு ஒரு தோல்வி உண்டு. தொடர்ந்து மூணு தடவை தோக்கறதுக்கு 171ல ஒரு வாய்ப்பு, வெள்ளிக்கிழமைக்கு வெள்ளிக்கிழமை ஆடறவனுக்கு அது வாழ்க்கையில ஒரு கதை, தினமும் ஆயிரம் கை ஆடறவருக்கு அது அப்பப்ப வந்து நிக்கும். ஜெயிச்ச ஏஸ் எதுவும் ஞாபகம் இருக்காது, தோத்த ஏஸ் வரிசையா நிக்கும், ஏன்னா சட்டுன்னு மனசுக்கு வர்றதைத் தான் அடிக்கடி நடக்கறதுன்னு மூளை நம்புது. நான் ஆடினது ஒரே டேபிள்ல தான், ஆனாலும் ரெண்டு வாரத்துல கராஜ்ல ரெண்டு மாசத்துக்கு ஆடற கையை ஆடி முடிச்சிருந்தேன்.

சரி, ஆப் நிஜமாவே சீட்டை மாத்தி வெக்குதா? இந்தச் சந்தேகத்தை நான் தள்ளி விடல, ஏன்னா காரணம் இருக்கு. 1999ல ஒரு ஆன்லைன் போக்கர் கம்பெனி 'நாங்க எவ்வளவு நேர்மைன்னு பாருங்க'ன்னு தன்னோட சீட்டு கலைக்கிற புரோகிராமையே வெளிய விட்டுச்சு, பாதுகாப்பு ஆராய்ச்சி பண்றவங்க அதைப் படிச்சுட்டு ஓட்டையைக் கண்டுபிடிச்சாங்க. 52 சீட்டை அடுக்கக்கூடிய வழி 8க்குப் பின்னாடி 67 சைபர் போட்டா வர்ற அளவு, அந்தப் புரோகிராமால உண்டாக்க முடிஞ்சது சுமார் 400 கோடி வரிசை மட்டும், அதுவும் கம்ப்யூட்டர் கடிகாரத்தை வெச்சு ஆரம்பிக்கறதால நேரத்தை ஒத்து வெச்சுட்டா அடுத்து என்ன சீட்டுன்னே சொல்லிரலாம். அப்புறம் 2007ல இன்னொரு சைட்ல உள்ளாளுங்க மத்தவங்க சீட்டைப் பாத்து ஆடினது வெளிய வந்துச்சு. ஆனா ரெண்டுமே ஏமாத்தறவனுக்குச் சீட்டு தெரிஞ்ச கதை, ரிவர்ல வேணும்னே ராஜாவை விழ வெச்ச கதை இல்ல. காசுக்கு நடத்தற சைட்டுக்கு நடுவுல சேர்ற பந்தயக் காசுல இருந்து கமிஷன் வருது, யார் ஜெயிச்சாலும் அதுக்கு ஒண்ணு தான்.

இதுல என்னை ரொம்ப யோசிக்க வெச்சது, நாம நம்பற கை தான் உண்மையில மோசமா கலைக்குது. ரெண்டு பாதியா பிரிச்சு விரல்ல சரசரன்னு கோத்து விடற முறையில 52 சீட்டு நல்லா கலைய சுமார் ஏழு தடவை வேணும்னு பேயரும் டயகோனிஸும் 1992ல கணக்கு போட்டுக் காட்டினாங்க. எங்க கராஜ்ல மூணு தடவை கோத்துட்டு வெட்டச் சொல்லிருவோம். அப்படிப் பாத்தா சந்தேகப்பட வேண்டியது அந்தக் கட்டு மேல, ஆனா ஒரு நாளும் பட்டதில்ல. மருமகனோட கட்டைவிரல் சீட்டைத் திருப்பறதை என் கண்ணால பாத்தேன்ல, அது போதும் மனசுக்கு. ஃபோன்ல பாக்க ஒண்ணும் இல்ல, காரணம் தேடற மனசு அந்தக் காலி இடத்துல ஒரு திருடனை உக்கார வெச்சுக்குது.

இங்க ஒரு ஆய்வு குறுக்க நிக்கற மாதிரி இருக்கும். ஆலன் சான்ஃபியும் அவர் கூட இருந்தவங்களும் 2003ல ஒரு சோதனை பண்ணினாங்க, 10 டாலரைப் பிரிக்கறதுல எதிராளி 9ஐ எடுத்துக்கிட்டு உனக்கு 1ன்னா ஒத்துக்குவியா, வேண்டாம்னா ரெண்டு பேருக்கும் இல்ல. அநியாயப் பங்கை மனுஷன் கொடுத்தா வேண்டாம்னு சொன்னவங்க அதிகம், கம்ப்யூட்டர் கொடுத்தா கம்மி. அருவருப்பு வர்றப்ப வேலை செய்யற இன்சுலாங்கற மூளைப் பகுதியும் மனுஷனுக்குத் தான் அதிகமா துடிச்சுது. அப்படின்னா எதிர்ல ஆள் உக்காந்திருக்கற கராஜ்ல தானே அதிகமா வலிக்கணும்? ஆமா, வலிச்சுது. அந்த நிமிஷத்துல ராஜா விழுந்தது தான் கூர்மை. ஆனா அந்த ஆள்கிட்ட ஒரு முகம் இருக்கு. தோள்ல கை வெக்க முடியுது, உன் கை தான் ஜெயிச்சிருக்கணும்னு சொல்ல முடியுது. ஜெயிச்சவரே அதைச் சொல்றப்ப எனக்கு நடந்தது அநியாயம் இல்ல, அதிர்ஷ்டம் தான்னு உடம்பு ஒத்துக்குது. தக்காளி படம் அதைச் சொல்லல.

நேரமும் இருக்கு. தோத்த அதிர்ச்சியில அட்ரினலின் ஏறுது, நெஞ்சு அடிச்சுக்குது, கை ஜில்லுன்னு ஆகுது, அது அடங்க சில நிமிஷமாவது வேணும். கராஜ்ல சீட்டைப் பொறுக்கி, கலைச்சு, வெட்டி, அதுக்குள்ள டீ வந்து, அடுத்த கை எனக்கு வர்றப்ப உடம்பு பாதி அடங்கியிருக்கும். ஃபோன் அந்த இடைவெளியைத் தரவே இல்ல. உச்சக்கட்ட படபடப்புலயே அடுத்த முடிவு எடுக்கணும், அந்த நிலைமையில கண்ட கையையும் ஆடி இன்னும் தோக்கறதுக்குப் பேர் தான் டில்ட், பின்பால் மெஷினைக் கோபத்துல ஆட்டினா அது நின்னு போய் 'டில்ட்'னு காட்டும்ல, அதுல இருந்து வந்த பேரு. ஒரு வலி முடியறதுக்குள்ள அடுத்தது மேல விழறதால எந்த வலி எந்தக் கையோடதுன்னே தெரியாம மொத்தமா தேங்கிருது. நான் மறுநாள் சாயங்காலம் வரைக்கும் சுமந்தது ஒரு ராணி ஜோடியை இல்ல, அதுக்குப் பின்னாடி படபடப்புல ஆடின இருபது கையை.

பெல்ஜியத்துல பெர்னார் ரிமேன்னு ஒரு உளவியலாளர் பல வருஷம் இதை ஆராய்ஞ்சிருக்காரு: மனசைக் கலக்கற விஷயத்தை மனுஷங்க பெரும்பாலும் யார்கிட்டயாவது சொல்லிருவாங்க, நிறைய தடவை அன்னைக்கே. சொல்றதால மட்டும் வலி குறைஞ்சுராதுன்னும் அவரோட ஆய்வுகளே காட்டுது, ஆனா கேக்கறவங்க நெருக்கமாயிடறாங்க. கராஜ்ல நான் யார்கிட்டயும் சொல்ல வேண்டிய அவசியமே இல்ல, அஞ்சு பேரும் பாத்தாச்சு. ஃபோன்ல தோத்ததை மனைவிகிட்ட சொல்ல ஆரம்பிச்சேன், ராணி ஜோடின்னா என்னன்னு விளக்கறதுக்குள்ள எனக்கே அலுத்துப் போச்சு.

ஏப்ரல் நடுவுல நான் ஒரு யோசனை சொன்னேன். ஆப் ஓடறப்ப பக்கத்துல வீடியோ கால் போட்டு வெக்கணும், யாராவது மொத்தத்தையும் உள்ள தள்ளி தோத்தா எல்லாரும் ரெண்டு நிமிஷம் நிறுத்திடணும், படம் எறியக் கூடாது. மூணாவது நாளே அங்கிளுக்கு ஏஸ் ஜோடி உடைஞ்சுது, உடைச்சது நான், என்னோட 6 ஜோடிக்கு ரிவர்ல இன்னொரு 6. அவர் முகம் சின்ன ஸ்க்ரீன்ல அப்படியே நின்னுச்சு. உள்ள இருந்து ஆன்ட்டி "என்னாச்சு, ஏன் இப்படி உக்காந்திருக்கீங்க"ன்னு கேட்டது ஃபோன்லயும் கேட்டுது, ஜன்னல் வழியாவும் கேட்டுது. "சாரி அங்கிள், உங்க கை தான் ஜெயிச்சிருக்கணும்"னு சொன்னேன். அவர் மூக்குக்கண்ணாடியைக் கழட்டித் துடைச்சு திரும்பப் போட்டுக்கிட்டு "சரி, போடு"ன்னாரு.