ஸ்ட்ரைப்டு பாஸின் பாதுகாப்பைப் பறித்தால் சால்மன் பிழைக்காது

கலிஃபோர்னியாவில் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை ஒரே சாயலில் ஒரு மசோதா தலைகாட்டும். ஸ்ட்ரைப்டு பாஸ் மீனுக்குச் சட்டம் தரும் பாதுகாப்பை எடுத்துவிட வேண்டும் என்பதுதான் அதன் சாரம். 2009-ல் மாநிலச் சட்டமன்றத்தில் ஏ.பி. 1253 வந்தது. 2016-ல் வாஷிங்டனில், கூட்டாட்சி நாடாளுமன்றத்தில், எச்.ஆர். 4582 வந்தது. இரண்டுக்கும் சொல்லப்பட்ட காரணம் ஒன்றே: ஆற்றில் பிறந்து கடலுக்குப் போய் வளரும், இப்போது அழிந்துவரும் சால்மனின் குஞ்சுகளை இந்த மீன் தின்கிறது. தின்பது உண்மைதான். எங்கே தின்கிறது, அந்த இடத்தில் ஏன் அவ்வளவு தின்ன முடிகிறது என்று பார்த்தால், இந்த மசோதாக்கள் நோயை விட்டுவிட்டு வேறெதற்கோ மருந்து கொடுப்பது தெரியும்.

முதலில், பறிக்கப் பார்க்கும் பாதுகாப்பு என்ன என்பது. ஸ்ட்ரைப்டு பாஸ் அங்கே ‘விளையாட்டு மீன்’. தூண்டில்காரர்கள் பிடிக்கலாம், வலை போட்டுப் பிடித்து விற்கக் கூடாது. வணிகப் பிடிப்பு 1935-லேயே நிறுத்தப்பட்டது. சாக்ரமெண்டோ, சான் வாக்கீன் ஆறுகள் கூடும் கழிமுகமான டெல்டாவில் ஒருவர் ஒரு நாளைக்கு 2 மீன்தான் எடுக்கலாம், ஒவ்வொன்றும் குறைந்தது 18 அங்குலம் (சுமார் 46 செ.மீ.) இருக்க வேண்டும். இவை போக, 1992-ல் வந்த மத்தியப் பள்ளத்தாக்குத் திட்ட மேம்பாட்டுச் சட்டம் என்ற கூட்டாட்சிச் சட்டம் சால்மன், ஸ்டர்ஜன், அமெரிக்கன் ஷாட் ஆகியவற்றோடு ஸ்ட்ரைப்டு பாஸையும் சேர்த்து, இவற்றின் இயற்கை உற்பத்தியை இரட்டிப்பாக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. 2009 மசோதா முதல் வகைப் பாதுகாப்பைக் குறிவைத்தது. 2016 மசோதா இரண்டாவதை, அதாவது இரட்டிப்புப் பட்டியலிலிருந்து இந்த மீனின் பெயரை நீக்குவதை நோக்கமாகக் கொண்டது.

இது வந்தேறி மீன் என்பதை யாரும் மறுக்கவில்லை. 1879-ல் நியூ ஜெர்சியின் நேவசிங்க் ஆற்றிலிருந்து 132 சிறு மீன்களை ரயிலில் கொண்டுவந்து மார்டினெஸ் அருகே விட்டார்கள். 1882-ல் சூசன் விரிகுடாவில் இன்னும் சுமார் 300. பத்தே ஆண்டில், 1889-ல், சான் பிரான்சிஸ்கோ சந்தையில் இந்த மீன் விற்பனைக்கு வந்துவிட்டது. அதற்கடுத்த பத்தாண்டில் வலைப் பிடிப்பு மட்டும் ஆண்டுக்குப் பத்து லட்சம் பவுண்டைத் தாண்டியது. இத்தனை பாஸ் நீந்திய அதே ஆறுகளில் சால்மனும் பெருங்கூட்டமாக ஏறிக்கொண்டுதான் இருந்தது. ஒன்று பெருகினால் மற்றது அழிந்துதான் தீரும் என்றால், அந்த அழிவு அப்போதே நடந்திருக்க வேண்டும்.

நடந்தது வேறு. 1970-களின் தொடக்கத்தில் வளர்ந்த ஸ்ட்ரைப்டு பாஸ் 15 லட்சத்துக்கு மேல் இருந்தது. 1990-களின் முதல் பாதியில் அதில் பாதிகூட இல்லை. அதே காலத்தில்தான் குளிர்காலச் சால்மன் (குளிர்காலத்தில் ஆற்றில் ஏறும் கூட்டம்) சரிந்து, 1994-ல் கூட்டாட்சி அரசின் அழியும் நிலை உயிரினப் பட்டியலில் ஏறியது. 2002 வாக்கில் டெல்டாவின் திறந்த நீரில் வாழும் நான்கு மீன்கள் ஒருசேர வீழ்ந்தன: டெல்டா ஸ்மெல்ட், லாங்ஃபின் ஸ்மெல்ட், திரெட்ஃபின் ஷாட், ஸ்ட்ரைப்டு பாஸின் குஞ்சுகள். வேட்டை மீனும் இரை மீனும் சேர்ந்து சரிகின்றன என்றால், இரண்டுக்கும் பொதுவான ஏதோ ஒன்று கெட்டிருக்கிறது. அது தண்ணீர்.

பாஸின் முட்டையைப் பார்த்தாலே இது விளங்கும். ஏப்ரல் முதல் ஜூன் நடுவரை, நீர் சுமார் 16 முதல் 20 டிகிரி செல்சியஸ் இருக்கும்போது, சினை மீன்கள் ஓடும் நன்னீரில் முட்டையிடுகின்றன. கொலூசாவுக்கும் சாக்ரமெண்டோ நகருக்கும் இடையே உள்ள சாக்ரமெண்டோ ஆறு ஒரு முக்கியக் களம். ஆண்டியோக் பாலத்துக்கு மேலே சான் வாக்கீன் ஆறு இன்னொன்று. முட்டை நீரைவிடச் சற்றே கனமானது. மிதமான ஓட்டமாவது இருந்தால்தான் அது நீரில் தொங்கியபடி நகரும். ஓட்டம் குறைந்தால் அடியில் படிந்து செத்துப்போகும். ஏறக்குறைய இரண்டு நாளில் பொரிந்த பிறகும் குஞ்சுக்கு நீந்தும் வலு கிடையாது. நீர் போகும் பக்கம்தான் அதுவும் போகும். ஆகவே டெல்டாவின் ஓட்டம் எந்தப் பக்கம் திரும்புகிறது என்பதே அந்த ஆண்டுக் குஞ்சுகளின் தலையெழுத்து.

அந்த ஓட்டத்தைத் திருப்புபவை, தெற்கே வயல்களுக்கும் நகரங்களுக்கும் நீர் அனுப்ப டெல்டாவின் தெற்கு ஓரத்தில் இருக்கும் இரண்டு பெரும் பம்பு நிலையங்கள். ஜோன்ஸ் நிலையம் 1951 முதல் ஓடுகிறது. வினாடிக்கு 4,600 கன அடி இறைக்கும். பேங்க்ஸ் நிலையம் 1960-களின் இறுதியில் தொடங்கியது. அதன் திறன் வினாடிக்கு 10,300 கன அடி. இரண்டும் முழுவீச்சில் இறைக்கும்போது ஓல்ட் ரிவர், மிடில் ரிவர் என்ற கிளையாறுகள் கடலை நோக்கிப் போகாமல் பின்னோக்கி ஓடுகின்றன. பாஸ் குஞ்சு, ஸ்மெல்ட், கடலுக்குப் போகும் சால்மன் விரலி (விரல் நீளக் குஞ்சு) எல்லாம் அந்த இழுப்பில் மாட்டுகின்றன.

இந்த விவாதத்தில் என்னைப் பொறுத்தவரை மிகத் தெளிவான சான்று இந்த இரு நிலையங்களின் வாசலில்தான் இருக்கிறது. ஜோன்ஸ் நிலையம் கால்வாயிலிருந்து நேராக நீரை இழுக்கிறது. பேங்க்ஸ் அப்படியல்ல, அதன் முன்னே கிளிஃப்டன் கோர்ட் என்ற சுமார் 2,200 ஏக்கர் தேக்கம் இருக்கிறது. ஐந்து ரேடியல் மதகுகளைத் திறந்து, ஓதத்தோடு உயரும் நீரை உள்ளே விட்டு, பிறகு மூடிவிடுவார்கள். மதகு திறக்கும்போது நீர் பாய்ந்து இறங்கும் வேகத்தில் உள்பக்கத் தரை அரித்து ஆழமான குழி விழுந்திருக்கிறது. விரல் நீளமே உள்ள சால்மன் குஞ்சு அந்தச் சுழலில் நிலைகுலைந்து உள்ளே விழுகிறது. எதிர்நீச்சல் போட்டு வெளியே வர அதனால் முடியாது. குழியில் பாஸ் காத்து நிற்கிறது. அதைத் தாண்டித் தப்பிய குஞ்சும், ஆழமற்ற, மெல்ல நகரும் வெதுவெதுப்பான நீரைக் கடந்துதான் மறுகரையில் உள்ள ஸ்கின்னர் மீன் காப்பு நிலையத்தை அடைய வேண்டும்.

1976 முதல் 1993 வரை அடையாளமிட்ட சால்மன் குஞ்சுகளை மதகருகே விட்டுப் பலமுறை சோதித்தார்கள். காப்பு நிலையத்தை எட்டுமுன்பே தொலைந்தவை சோதனைக்குச் சோதனை 63 முதல் 99 விழுக்காடு வரை. இன்றும் மீன் இழப்பைக் கணக்கிடும்போது பேங்க்ஸ் பக்கம் இந்த முன்னிழப்பை 75 விழுக்காடு என்றும், ஜோன்ஸ் பக்கம் 15 விழுக்காடு என்றும் வைத்துக்கொள்கிறார்கள். இரண்டும் பக்கத்துப் பக்கத்து நிலையங்கள். ஒரே டெல்டா, ஒரே பாஸ் கூட்டம், ஒரே சால்மன். வேறுபாடு அந்தத் தேக்கம் மட்டும்தான். ஐந்து மடங்கு இழப்பை உண்டாக்குவது பாஸின் எண்ணிக்கை என்றால் ஜோன்ஸ் வாசலிலும் அதே இழப்பு இருந்திருக்க வேண்டும்.

காப்பு நிலையத்துக்குள் போனாலும் கதை முடிவதில்லை. கால்வாயின் குறுக்கே செங்குத்துப் பட்டைகள் வரிசையாக நிற்கும். அவை எழுப்பும் கலக்கத்தை உணர்ந்து மீன் ஒதுங்கும். ஒதுங்கிய மீன் பக்கக் குழாய் வழியே தொட்டிக்குப் போகும். அங்கே எண்ணி, லாரியில் ஏற்றி, டெல்டாவின் மேற்கே கொண்டுபோய் விடுவார்கள். விடும் இடங்கள் சிலதான். களைத்து, திசை தெரியாமல் கொட்டப்படும் குஞ்சுகளுக்காக வேட்டை மீன்கள் அங்கேயும் கூடிவிடுகின்றன.

சரி, பாஸைக் குறைத்தே பார்த்தால் என்ன? அதையும் செய்து பார்த்திருக்கிறார்கள். மொகெலும்னி ஆற்றின் வடகிளையில் ஒரு பகுதியிலிருந்து மின்னதிர்வு முறையில் வேட்டை மீன்களைப் பிடித்து அகற்றினார்கள். 80 விழுக்காட்டுக்கும் கீழே இருந்த சால்மன் குஞ்சுகளின் பிழைப்பு 99-ஐத் தாண்டியது. இதைக் கேட்டதும் மசோதா ஆதரவாளர்கள் எழுந்து உட்காருவார்கள். ஆனால் இரண்டாம் முறை அகற்றியபோது பிழைப்பு பழைய அளவுக்கே இறங்கிவிட்டது. காலியான இடத்தில் வேறு மீன்கள் வந்து நிரம்புகின்றன; ஸ்ட்ரைப்டு பாஸ் இல்லாவிட்டால் லார்ஜ்மவுத் பாஸ், கெளுத்தி, அந்த ஊரிலேயே பிறந்த பைக்மின்னோ. அதே ஆய்வில் ஓட்டம் கூடியபோது குஞ்சுகள் அந்தப் பகுதியை வேகமாகக் கடந்தன, பிழைப்பும் உயர்ந்தது.

கொலம்பியா ஆற்றில் பைக்மின்னோவைப் பிடித்துத் தருபவர்களுக்குப் பணம் கொடுக்கும் திட்டம் 1990-களின் தொடக்கத்திலிருந்து நடக்கிறது, பலனும் இருக்கிறது என்று சிலர் எடுத்துக்காட்டுவார்கள். அங்கே ஆண்டுதோறும் பெரிய பைக்மின்னோக்களில் 10 முதல் 20 விழுக்காட்டை அகற்ற இலக்கு வைத்து, ஆண்டு தவறாமல் செலவழித்து, அளந்துகொண்டே போகிறார்கள். கலிஃபோர்னியா மசோதாவில் அந்த அளவீடும் இல்லை, பணமும் இல்லை. வரம்பை மட்டும் தூக்கிவிட்டு மீதியைத் தூண்டில்காரர்கள் பார்த்துக்கொள்வார்கள் என்று விடுவது மேலாண்மை ஆகாது.

வரம்பைத் தூக்கினால் முதலில் அடிபடுவது எது? 2012-ல் மாநில மீன், வேட்டை ஆணையத்தின் முன் வந்த முன்மொழிவை எடுத்துக்கொள்ளலாம்: நாளொன்றுக்கு 2 என்பது 6 ஆகும், 18 அங்குலம் 12 ஆகும், கிளிஃப்டன் கோர்ட் பகுதியில் 20 மீன், அளவு வரம்பே இல்லை. பெண் பாஸ் முதன்முதலாகச் சினைப்படுவது 4, 5 வயதில். 12 அங்குல மீனுக்கு வயது இரண்டு சொச்சம். ஒருமுறைகூட முட்டையிடாமல் இரண்டு, மூன்று ஆண்டுகள் அது பிடிபடும் அளவில் சுற்ற வேண்டியிருக்கும். 5 பவுண்டு எடையுள்ள பெண் மீன் ஒரு பருவத்தில் சுமார் 1,80,000 முட்டை இடும். 12 பவுண்டு மீன் பத்து லட்சத்தைத் தாண்டும். சிறியதைப் பிடிப்பது என்பது அந்தப் பெரியது உருவாகாமல் தடுப்பது. ஆணையம் அந்த முன்மொழிவை நிராகரித்தது; சரியாகவே செய்தது.

அடுத்த பாதிப்பு டெல்டா ஸ்மெல்டுக்கு வரலாம். பாஸ் வயிற்றில் சால்மனைவிட அதிகம் கிடைப்பவை திரெட்ஃபின் ஷாட், கோபி, மிசிசிப்பி சில்வர்சைடு, அதோடு தன் இனக் குஞ்சுகளே. இவற்றில் சில்வர்சைடு 1967-ல் கிளியர் லேக்கில் விடப்பட்டு, 1970-களின் நடுவில் டெல்டாவுக்கு வந்து பெருகிய சிறு மீன். அதன் வயிற்றில் ஸ்மெல்டின் மரபணு கிடைத்திருக்கிறது. பொரிந்த ஸ்மெல்ட் குஞ்சுகளை அது தின்கிறது. சில்வர்சைடைக் கட்டுக்குள் வைக்கும் மீனை அகற்றினால், காப்பாற்ற நினைத்த மீனின் எதிரி பெருக வழி திறக்கும். பாஸ் தன் குஞ்சையே தின்பதால், பெரியவற்றை எடுத்தபின் சிறியவை கூடுதலாகப் பிழைக்கவும் கூடும். சால்மன் குஞ்சை அதிகம் துரத்துவது அந்தச் சிறிய பாஸ்தான்.

சால்மனுக்கு வேறு எங்கே அடி விழுகிறது என்பது மறைவான செய்தியல்ல. 1940-களில் ஷாஸ்டா, ஃபிரையண்ட் அணைகள் எழுந்து மேலாற்று முட்டைக் களங்களை அடைத்தன. எஞ்சிய களங்களில் நீர் 13 டிகிரியைச் சற்றே தாண்டினாலும் முட்டை சாகத் தொடங்கும். 2014-ல் ஷாஸ்டாவில் குளிர்நீர் தீர்ந்தபோது, குளிர்காலச் சால்மனின் முட்டைகளிலும் இளங்குஞ்சுகளிலும் ஏறத்தாழ 95 விழுக்காடு ஒரே பருவத்தில் போயின. டெல்டாவில் எந்த பாஸும் அவற்றைக் கண்ணால் பார்க்கவே இல்லை. 1986-ல் சூசன் விரிகுடாவுக்கு வந்த ஆசிய மட்டி நுண்பாசியை வடிகட்டித் தின்று உணவுச் சங்கிலியின் அடியையே உருவிவிட்டது வேறு.

பாஸ் தின்பதைக் குறைக்கும் வழி உண்டு. வேலை நடக்க வேண்டியது கட்டுமானத்தில். ரெட் பிளஃப் திசைதிருப்பு அணையின் கீழே வேட்டை மீன்கள் குவிந்து சால்மனைத் தின்றுவந்தன. 2012-ல் மீன் தடுப்புத் திரையோடு புதிய பம்பு நிலையம் கட்டினார்கள். அணை மதகுகளை இறக்கும் தேவையே போயிற்று. ஆறு தடையின்றி ஓட, அந்த வேட்டைக் களம் கலைந்தது. ஒரு பாஸுக்கும் வரம்பை மாற்ற வேண்டியிருக்கவில்லை.

இத்தகைய மசோதா மீண்டும் வந்தால், பிரதியைக் கையில் எடுத்ததும் நான்கு இடங்களைத் தேட வேண்டும்: நாள் வரம்பு, அளவு வரம்பு, விற்பனைத் தடை, இரட்டிப்புப் பட்டியல். எதைத் தொடுகிறது என்பதைப் பொறுத்து எதிர்ப்பின் வாதம் மாறும். மாநில மசோதா என்றால் முதலில் கீழவையின் நீர், பூங்கா, வனவிலங்குக் குழுவுக்குப் போகும். மேலவையில் இயற்கை வளம், நீர்க் குழு. கடிதம் விசாரணைக்குச் சில நாள் முன்பே போய்ச் சேர்ந்தால்தான் குழுவின் ஆய்வுரையில் எதிர்ப்பாளர் பட்டியலில் ஏறும். முதல் வரியில் மசோதா எண்ணும் ‘எதிர்க்கிறோம்’ என்ற சொல்லும் இருக்க வேண்டும்; ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம்.

வரம்பை மாற்றும் அதிகாரம் ஏற்கெனவே ஆணையத்திடம் இருக்கிறது என்பதைக் கட்டாயம் எழுத வேண்டும். ஆணைய விதியைப் புதிய தரவு வந்ததும் திருத்தலாம். சட்டத்தில் எழுதிய வரியைத் திருத்த இன்னொரு சட்டம் வேண்டும். எதிர்ப்போடு நிறுத்தாமல் மாற்றும் கேளுங்கள்: கிளிஃப்டன் கோர்ட் மதகடிக் குழியைச் சீர்செய்வது, மீனைத் தேக்கத்துக்குள் விழவிடாமல் வாசலிலேயே தடுக்கும் திரை, லாரி மீன்களை விடும் இடங்களைக் கூட்டி மாற்றி மாற்றிப் பயன்படுத்துவது, விரலிகள் இறங்கும் வாரங்களில் ஓட்டத்தைக் கூட்டிப் பம்புகளைக் குறைப்பது.