ப்ரூஃப் நாணயத்தில் அந்தக் கறுப்பு எங்கிருந்து வருகிறது?

சேகரிப்பாளர்களுக்கென்று தனிக் கவனத்தோடு அடிக்கப்படும் நாணயத்தை ப்ரூஃப் என்பார்கள். அப்படி ஒரு வெள்ளி நாணயத்தை மேசை விளக்கின் கீழ் பிடித்துப் பாருங்கள். புடைத்து நிற்கும் முகம் பால்போல வெளுப்பாக இருக்கும், சுற்றியிருக்கும் வெற்றுப்பரப்பு மையைக் கொட்டியதுபோல் கன்னங்கரேலென்று இருக்கும். மணிக்கட்டை லேசாகத் திருப்பினால் எல்லாம் தலைகீழ். இப்போது வெற்றுப்பரப்பு கண்ணைக் கூசவைக்கும், முகம் அதன் பக்கத்தில் மங்கிச் சாம்பல் நிறமாகத் தெரியும். முதன்முதலில் ஒன்றை வாங்கியபோது, படத்தில் பார்த்த அந்தக் கறுப்பை ஏதோ எனாமல் பூச்சு என்றுதான் நினைத்திருந்தேன். பூச்சும் இல்லை, சாயமும் இல்லை, முகமும் பின்னணியும் ஒரே வெள்ளித் துண்டு.

அந்த வெற்றுப்பரப்பு உண்மையில் ஒரு முகம்பார்க்கும் கண்ணாடி. கண்ணாடிக்கென்று சொந்த நிறம் கிடையாது, எதிரே இருப்பதைக் காட்டும், அவ்வளவுதான். விளக்கின் ஒளி அதில் பட்டு ஒரே திசையில் தெறித்துப் போய்விடுகிறது, அந்தத் திசையில் உங்கள் கண் இல்லாவிட்டால் அறையின் இருட்டு மூலைதான் நாணயத்தில் தெரியும். முகத்தின் மேலோ நுண்ணிய சொரசொரப்பு இருக்கிறது, பட்ட ஒளியை அது எல்லாப் பக்கமும் இறைத்துவிடுவதால் எங்கிருந்து பார்த்தாலும் வெளுப்பாகத் தெரிகிறது. பனி படிந்த மாதிரி இருப்பதால் சேகரிப்பாளர்கள் இதை ஃப்ராஸ்ட் என்பார்கள்.

சரி, எவ்வளவு வழவழப்பாக இருந்தால் ஒரு பரப்பு கண்ணாடியாகும்? இதற்கு அளவுகோல் ஒளியின் அலைநீளம். கண்ணுக்குத் தெரியும் ஒளி ஏறத்தாழ 400 முதல் 700 நானோமீட்டர் வரை. மேடுபள்ளங்கள் இதைவிட மிகச் சிறியவையாக இருந்தால் ஒளிக்கு அது சமதரை, இதற்கு நிகராகவோ பெரிதாகவோ இருந்தால் கரடுமுரடான நிலம். ஒரு மயிரிழையின் தடிமனே பல்லாயிரம் நானோமீட்டர் என்பதை நினைத்துக்கொண்டால், நாணயச்சாலைக்காரர்கள் எந்த அளவில் வேலை பார்க்கிறார்கள் என்று புரியும்.

இந்த மெருகை நாணயத்தில் ஏற்றுவதற்கு முன் டையில் ஏற்றுகிறார்கள். டை என்பது கடினமாக்கப்பட்ட எஃகு அச்சு, அதில் பள்ளமாக இருப்பது நாணயத்தில் மேடாக வரும். டையின் வெற்றுப்பரப்பை வைரப்பொடி கலந்த பசையால் தேய்த்துத் தேய்த்துக் கண்ணாடியாக்குவார்கள், உருவம் இருக்கும் பள்ளத்தை மட்டும் சொரசொரப்பாக்குவார்கள். முன்பு இதை அமிலத்தாலோ மணலை வேகமாக ஊதியோ செய்தார்கள், இப்போது பெரும்பாலும் லேசர். அந்தக் காலத்து முறையில் ஒரு சங்கடம் இருந்தது: சில நாணயங்கள் அடித்ததுமே டையிலிருந்த சொரசொரப்பு தேய்ந்துவிடும். அதனால்தான் 1950களிலும் 60களிலும் அமெரிக்கா வெளியிட்ட ப்ரூஃப் நாணயங்களில் நல்ல கறுப்பு வெள்ளை வித்தியாசத்தோடு இருப்பவை குறைவு, புது டையிலிருந்து முதலில் வந்த சில மட்டுமே அப்படி. இன்றைக்கும் அவற்றுக்குத் தனி விலை.

ப்ரூஃப் என்றால் உயர்ந்த தரம் என்று பலர் நினைக்கிறார்கள். அது செய்முறையின் பெயர். டை சரியாக வந்திருக்கிறதா என்று சோதிக்க அடித்துப் பார்த்ததுதான் முதலில் ப்ரூஃப். பிறகு அந்தக் கவனத்தோடு அடிக்கப்பட்ட எல்லாவற்றுக்கும் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. பாக்கெட்டில் போட்டுத் தேய்த்துப் பாழாக்கினாலும் ப்ரூஃப் நாணயம் ப்ரூஃப் நாணயமே, பாழாய்ப்போன ப்ரூஃப்.

புழக்க நாணயங்களை அடிக்கும் நவீன இயந்திரம் நிமிஷத்துக்கு 750 வரைகூட உமிழ்ந்து தள்ளும். ப்ரூஃப் நாணயமோ ஒவ்வொன்றாக நடக்கும் வேலை. வெற்று வில்லையைச் சூடாக்கி இளகவைத்து, மெருகேற்றி, டைகளுக்கு நடுவில் வைத்து இரண்டு தடவையாவது அடிப்பார்கள். அந்த அழுத்தத்தில் திட உலோகம் உருகாமலே, பிசைந்த மாவு மாதிரி நகர்ந்து டையின் மூலைமுடுக்கெல்லாம் நுழைகிறது. முதல் அடியில் உருவம் பெரும்பாலும் வந்துவிடும், அடுத்தது கூந்தல் இழை, எழுத்தின் முனை என்று மிச்சத்தை நிரப்பும். நடுவில் ஒரு தூசி விழுந்தால் போச்சு. துணியிலிருந்து உதிர்ந்த ஒரு நூலிழை டைக்கும் வில்லைக்கும் இடையில் மாட்டிக்கொண்டால், அதன் சுருள் வடிவம் அப்படியே கண்ணாடிப் பரப்பில் பள்ளமாகப் பதிந்துவிடும். அரசியின் கன்னத்துக்குப் பக்கத்தில் புழு ஊர்ந்த தடம்போல ஒன்றைப் பார்த்திருக்கிறேன், நூலிழைதான்.

உலோகம் நகர்கிறது என்றேனே, அதற்கும் ஓர் எல்லை உண்டு. இதை அனுபவத்தில் கற்றது 1907இல் அமெரிக்க நாணயச்சாலை. பழைய கிரேக்க நாணயங்களைப் போல உருவம் நன்றாக எழும்பி நிற்க வேண்டும் என்று ஜனாதிபதி தியோடர் ரூஸ்வெல்ட் ஆசைப்பட்டார், சிற்பி அகஸ்டஸ் செயின்ட்-காடன்ஸ் 20 டாலர் தங்கக் காசுக்கு அப்படியே வடித்துக் கொடுத்தார். புடைப்பு அதிகமானால் டையின் பள்ளமும் ஆழமாகும், அதை நிரப்ப நிறைய உலோகம் ஓடிவர வேண்டும். அடிக்க அடிக்க உலோகம் இறுகவும் செய்யும், ஆகவே ஓர் அடிக்கும் அடுத்த அடிக்கும் நடுவில் காசை எடுத்துச் சூடாக்கி மறுபடி இளக்க வேண்டும். மிக உயர்ந்த புடைப்பு கொண்ட மாதிரிகளுக்கு ஒன்பது அடிவரை தேவைப்பட்டதாம். கொஞ்சம் தாழ்த்திய வடிவத்துக்கும் மூன்று அடி. இத்தனைக்கும் பிறகு காசுகள் ஒன்றன்மேல் ஒன்று அடுக்க நிற்கவில்லை, வங்கிக்காரர்களுக்கு எரிச்சல். கடைசியில் புடைப்பைத் தட்டையாக்கித்தான் புழக்கத்துக்கு விட்டார்கள். என்னைக் கேட்டால் அந்தத் தாழ்த்தாத வடிவத்துக்குப் பக்கத்தில் வைக்க இன்றுவரை வேறு காசு இல்லை, ஆனால் வங்கிக்காரர்கள் சொன்னதும் நியாயம்தான்.

ப்ரூஃப் அல்லாத, புழக்கத்துக்குப் போகாத புத்தம்புது நாணயத்துக்கும் தனி அழகு உண்டு. அதைச் சாய்த்துச் சுழற்றினால் இரண்டு ஒளிக்கற்றைகள் வண்டிச் சக்கரத்தின் ஆரங்கள்போலச் சுற்றிவரும். அடிபடும்போது உலோகம் மையத்திலிருந்து விளிம்பை நோக்கி ஓடுகிறது. ஆயிரக்கணக்கான தடவை இப்படி ஓடி உரசுவதால் டையில் கண்ணுக்குத் தெரியாத ஆரக்கோடுகள் விழுகின்றன, அவை நாணயத்திலும் பதிகின்றன, அந்தக் கோடுகளில் பட்டுத் திரும்பும் ஒளிதான் சக்கரமாகத் தெரிகிறது. டை தேய்வதால் வரும் அழகு என்றுகூடச் சொல்லலாம்.

அடுத்து நிறம். 2003இல் ஆஸ்திரிய நாணயச்சாலை அந்நாட்டு ஹால் நகரத்தின் 700 ஆண்டு நிறைவுக்காக ஒரு 25 யூரோ நாணயம் வெளியிட்டது. தகுந்த ஊர்தான், 1486இல் குல்டினர் என்ற பெரிய வெள்ளிக்காசு அடிக்கப்பட்டது அங்கேதான். நாணயத்தின் வெளிவளையம் வெள்ளி, நடுவில் நீல நிறத்தில் நையோபியம். நையோபியம் இயல்பாகவே சாம்பல் நிற உலோகம், நீலச் சாயம் ஒரு துளிகூட அதில் சேர்க்கவில்லை. மின்கரைசலில் முக்கி மின்சாரம் பாய்ச்சினால் அதன்மேல் கண்ணாடிபோல் ஒளிபுகும் ஆக்சைடு படலம் வளர்கிறது, மின்னழுத்தம் கூடக்கூடப் படலம் தடிக்கிறது. படலத்தின் மேல்முகத்தில் கொஞ்சம் ஒளி திரும்புகிறது, மீதி உள்ளே போய் அடியில் இருக்கும் உலோகத்தில் மோதித் திரும்புகிறது. இரண்டாவது அலை சற்று அதிக தூரம் போய்வந்ததால் பின்தங்கிவிடும். இரண்டும் சேரும்போது சில நிறங்களின் அலைகள் ஒன்றையொன்று அடித்துவிடும், சில ஒன்றுக்கொன்று வலுவூட்டும். எது மிஞ்சும் என்பதைப் படலத்தின் தடிமன் தீர்மானிக்கிறது. சோப்புக் குமிழியிலும் தேங்கிய தண்ணீரில் மிதக்கும் எண்ணெயிலும் வானவில் தெரிவது இதே காரணத்தால்தான். நிறம் மாற வேண்டுமா, மின்னழுத்தத்தை மாற்றினால் போதும். அதே வரிசையில் பின்னால் வந்த நாணயங்கள் பச்சை, ஊதா என்று விதவிதமாக வந்தது இப்படித்தான்.

இதில் எனக்குப் பிடித்தது, மனிதர் கைபடாமல் இதே வேலையைப் பழைய வெள்ளிக்காசும் செய்துகொள்வது. காற்றிலும் அட்டையிலும் ரப்பரிலும் இருக்கும் கந்தகச் சேர்மங்கள் வெள்ளியோடு சேர்ந்து வெள்ளி சல்பைடு படலமாகின்றன. மெல்லியதாக இருக்கும்வரை பொன்மஞ்சள், பிறகு செவ்வூதா, நீலம் என்று ஓடி, தடித்ததும் கறுத்துவிடும். அட்டை ஆல்பத்தில் பல வருஷம் கிடந்த காசுகளில் விளிம்பிலிருந்து உள்நோக்கி வளையம் வளையமாக நிறம் ஏறியிருப்பதைப் பார்க்கலாம், ஓரம்தான் அட்டையைத் தொட்டுக்கொண்டிருந்தது. நல்ல வானவில் நிறம் ஏறிய காசுக்கு அதிக விலை கொடுக்க ஆள் உண்டு, ஆகவே அவித்த முட்டையோடு அடைத்துவைத்து ஒரே ராத்திரியில் வானவில் வரவழைக்கும் ஆசாமிகளும் உண்டு. அவசரத்தில் ஏற்றிய நிறம் பெரும்பாலும் வரிசை பிசகித் திட்டுத்திட்டாக நிற்கும்.

அச்சிட்ட நிறம் வேறு சமாச்சாரம், அது வெறும் மை. கனடா 2004இல் சிவப்புப் பாப்பிப் பூ அச்சிட்ட 25 சென்ட் நாணயத்தைப் புழக்கத்தில் விட்டது, வண்ணம் அச்சிட்ட நாணயம் ஒன்று புழக்கத்துக்கு வந்தது அதுவே முதல்முறை. நிறத்தைக் காக்க அதன்மேல் போட்டிருந்த பூச்சைப் பார்த்துவிட்டு, கனடாவுக்குப் போய்வந்த அமெரிக்க ராணுவ ஒப்பந்தக்காரர்கள் சிலர் ஏதோ நானோ தொழில்நுட்ப ஒட்டுக்கேட்புக் கருவி என்று அறிக்கையே எழுதிவிட்டார்கள். அதை வைத்து ஓர் அதிகாரப்பூர்வ எச்சரிக்கையும் வந்தது, விஷயம் 2007இல் வெளியானபோது சிரிக்காதவர் இல்லை. அதே கனடா 2017இல் இருட்டில் ஒளிரும் 2 டாலர் நாணயமும் வெளியிட்டது, வடதுருவ ஒளிக்குக் கீழே துடுப்புப் போடும் இருவர். ஒளியை வாங்கிவைத்துக்கொண்டு மெதுவாக விடும் பொருள் மையில் கலந்திருக்கிறது.

சாய்த்தால் படம் மாறும் நாணயங்களுக்கு மைகூடத் தேவையில்லை. 2017இல் வந்த பன்னிரண்டு பக்கப் பிரிட்டிஷ் பவுண்டில் ஒரு கோணத்தில் பவுண்டு குறி தெரியும், இன்னொரு கோணத்தில் 1 தெரியும். உழுத வயலின் வரப்புகளை நினைத்துக்கொள்ளுங்கள், ஒவ்வொரு வரப்புக்கும் இரண்டு சரிவு. ஒரு பக்கச் சரிவுகளில் ஒரு படம், மறுபக்கச் சரிவுகளில் இன்னொரு படம். எந்தச் சரிவு ஒளியை உங்கள் பக்கம் திருப்புகிறதோ அதுதான் கண்ணில் படும். ஜப்பான் 2000ஆம் ஆண்டின் 500 யென் நாணயத்தில் பூஜ்ஜியங்களுக்குள் இப்படி ஒளித்துவைத்தது. கள்ள நாணயம் அடிப்பவருக்கு இது பெரிய தலைவலி, வார்த்து எடுத்தால் சரிவின் கூர்மை மழுங்கி இரண்டு படங்களும் காணாமல் போகும்.

விலையைப் பற்றி ஒரு வார்த்தை. மேலே சொன்ன எந்தத் திறமையும் ஒரு நாணயத்தின் மறுவிற்பனை விலையை நிச்சயம் செய்வதில்லை. மொனாக்கோ 2007இல் தன் இளவரசி கிரேஸ் கெல்லி நினைவாக வெளியிட்ட 2 யூரோ நாணயம் சாதாரண இரட்டை உலோக வில்லைதான், அடித்தது 20,001 மட்டுமே என்பதால் விலை எங்கோ போய்விட்டது. மறுபக்கம், குட்டித் தீவு நாடுகளின் பெயரில் வண்ணவண்ணமாக வரும் வெள்ளி நாணயங்களில் பல வாங்கிய விலைக்குத் திரும்பப் போவதில்லை. அழகுக்கு வாங்கினால் சரி.

கடைசியாக, என் அசட்டுத்தனம். சேகரிக்க ஆரம்பித்த புதிதில் ஒரு ப்ரூஃப் நாணயத்தின் கண்ணாடிப் பரப்பில் விரலை வைத்துவிட்டேன். அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. சில மாதம் கழித்து என் கைரேகை பழுப்பாக எழுந்து வந்தது, விரலின் உப்பும் எண்ணெயும் பார்த்த வேலை. நான் செய்தது பற்பசையைத் தொட்டுத் துணியால் தேய்த்தது. பற்பசையில் இருப்பது நுண்ணிய அரைக்கும் துகள்கள், வெள்ளியோ மெத்தென்ற உலோகம். சும்மா விட்டிருந்தால் ஒரு ரேகையோடு போயிருக்கும். மெல்லிய பிளாஸ்டிக் உறையின் பிவிசி கசிந்து பச்சைப் பிசுபிசுப்பு படிந்திருந்தால் சுத்தமான அசிட்டோனில் முக்கி எடுக்கலாம், அது உலோகத்தைத் தொடாது, ஆனால் தேய்க்கக் கூடாது. ஏறிவிட்ட சல்பைடைக் கரைக்கும் திரவங்களோ படலத்தோடு வெள்ளியையும் கொஞ்சம் கொண்டுபோகும், வண்டிச் சக்கர ஒளி இருந்தால் அதையும் மழுக்கிவிடும்.

அந்த நாணயம் இன்னும் என்னிடம் இருக்கிறது. விளக்கின் கீழ் பிடித்தால், விளக்கின் பிம்பத்தைச் சுற்றிச் சிலந்தி வலைபோல வட்டவட்டமாகக் கீறல்கள் தெரியும். நான் வட்டமாகத் தேய்க்கவில்லை, கண்டபடிதான் தேய்த்தேன். கீறல்கள் எல்லாத் திசையிலும் கிடக்கின்றன, ஆனால் பிம்பத்தைச் சுற்றி வளைவது மாதிரி அமைந்த கீறல்கள் மட்டுமே ஒளியை என் கண்ணுக்குத் திருப்புகின்றன. விளக்கை நகர்த்தினால் வட்டங்களும் கூடவே நகர்கின்றன.