பழைய பிரெஸ்ட் பம்ப்: கொதிக்க வைக்க முடியாத அந்த ஒரு பாகம்

கடலூர் மஞ்சக்குப்பத்தில் எங்கள் அடுத்த வீட்டுப் பெண்ணுக்குப் பிரசவ விடுப்பு முடியப்போகிறது. 2017 சட்டத் திருத்தத்துக்குப் பிறகு 26 வாரம் கிடைக்கிறது. ஆனால் 26 வாரத்தோடு குழந்தை பால் குடிப்பதை நிறுத்திவிடாதே. அவளுக்கு வேலை புதுச்சேரியில். காலையில் பஸ் ஏறினால் திரும்பும்போது இருட்டிவிடும்.

வாட்ஸ்அப் குரூப்பில் புதுச்சேரி லாஸ்பேட்டையிலிருந்து ஒரு பெண், தாய்ப்பாலை உறிஞ்சி எடுக்கும் மின்சார பம்ப் ஒன்றை விற்பனைக்குப் போட்டிருந்தார். “ஒரு மாசம்தான் யூஸ் பண்ணது. புதுசு 7,000. நான் 2,500-க்குத் தரேன்.” நான் பள்ளியில் இயற்பியல் நடத்துகிறவள் என்பதால் அடுத்த வீட்டுப் பெண் போனை என்னிடம் நீட்டினாள்.

“வாங்கலாமாக்கா? கொதிக்க வெச்சுட்டா சரியாப் போயிடாதா?”

பாட்டில், புனல், வால்வ் எல்லாவற்றையும் கொதிக்க வைக்கலாம். மோட்டாரை எப்படிக் கொதிக்க வைப்பது? பழைய பம்ப் பற்றிய கேள்வி முழுக்க இந்த ஓர் இடத்தில்தான் வந்து நிற்கிறது. அதைப் புரிந்துகொள்ள, பம்ப் யாரைப் பார்த்து வேலை கற்றுக்கொண்டது என்று பார்க்க வேண்டும். குழந்தையைப் பார்த்துத்தான்.

குழந்தை மார்பைக் கவ்வியபடி நாக்கையும் தாடையையும் கீழே இறக்கும்போது வாய்க்குள் இடம் பெரிதாகிறது, அங்கே அழுத்தம் குறைகிறது. பி.பி. பார்க்கும் அதே மில்லிமீட்டர் பாதரச அளவில் சொன்னால், அந்த இழுவை உச்சத்தில் சராசரியாக 145 வரை போகிறது. அதே இழுவையைத் தண்ணீர்க் குழாயில் கொடுத்தால் தண்ணீர் கிட்டத்தட்ட 2 மீட்டர் ஏறி நிற்கும். பல்லில்லாத வாய்க்கு இது கொஞ்ச நஞ்ச பலமில்லை. மின்சார பம்ப்கள் 250 வரை போகின்றன. அது 3.4 மீட்டர் தண்ணீர்.

ஆனால் இழுவை மட்டும் பாலைக் கொண்டுவந்துவிடாது. காம்பில் படும் அசைவு நரம்பு வழியாக மூளைக்குப் போய், ஆக்ஸிடோசின் சுரந்து, பால் பைகளைச் சுற்றியுள்ள நுண்ணிய தசைச் செல்கள் பிழிந்தால்தான் பால் இறங்கும். குழந்தை அழும் சத்தம் கேட்டதுமே சேலை நனைவது இதனால்தான். குழந்தை முதலில் வேகவேகமாகச் சப்பும், பால் இறங்கியதும் நிதானமாக இழுக்கும். நல்ல பம்ப்களும் அப்படியே: முதலில் நிமிடத்துக்கு 120 வாக்கில் சின்னச் சின்ன இழுப்பு, அப்புறம் 60 வாக்கில் ஆழமான இழுப்பு. இழுத்துக்கொண்டே இருக்கக் கூடாது, இழுத்து விட வேண்டும். அமெரிக்காவில் 1854-லேயே ஒருவர் பம்புக்குக் காப்புரிமை வாங்கிவிட்டார். ஆனால் தாய்க்கு வலிக்காத இழுவை எவ்வளவு என்று அளந்து, ஸ்வீடனில் எய்னார் எக்னெல் என்ற பொறியாளர் ஆஸ்பத்திரி பம்பைக் கொண்டுவந்தது 1956-ல். அதுவரை மாட்டுக்குப் பால் கறக்கும் இயந்திரத்தின் சாயல்தான்.

சரி, பம்புக்குள் வருவோம். மார்பில் வைக்கும் புனல், வாத்து மூக்கு போல ஒரு ரப்பர் வால்வ், பாட்டில், அங்கிருந்து ஒரு ட்யூப், ட்யூபின் மறுமுனையில் மோட்டார் பெட்டி. மோட்டார் காற்றை இழுக்கிறது, விடுகிறது. எந்தக் காற்றை? வெதுவெதுப்பான பால் சொட்டிக்கொண்டிருக்கும் புனலுக்குள் இருக்கும் ஈரக் காற்றை.

புனலுக்கும் ட்யூபுக்கும் நடுவே ஒரு ரப்பர் சவ்வு இருந்தால் மோட்டார் சவ்வை மட்டும் இழுக்கும், சவ்வு அந்தப் பக்கக் காற்றை இழுக்கும். இரண்டு பக்கமும் கலக்காது. இதற்கு குளோஸ்டு சிஸ்டம் என்று பெயர். சவ்வு இல்லாவிட்டால் ஓப்பன் சிஸ்டம். பால் ஆவியும், பாட்டில் சாய்ந்தால் பால் துளியுமே ட்யூப் வழியாக மோட்டார் வரை போகும்.

என் நாத்தனார் மூன்று மாதம் பயன்படுத்திய ஓப்பன் பம்ப் ஒன்று பரணில் கிடந்தது. எடுத்து நான்கு ஸ்க்ரூவைக் கழற்றினேன். ட்யூபின் உள்சுவரில் துளித்துளியாகப் பனித்துக் காய்ந்த தடம். மோட்டாரோடு சேர்ந்து காற்றை இழுத்து விடும் கறுப்பு ரப்பர் தகட்டின் விளிம்பில் மஞ்சளாக ஒரு படலம், அதன்மேல் மிளகுத்தூளைத் தூவிய மாதிரி பூஞ்சை. புளித்த வாடை. அவள் தினமும் பாட்டிலைக் கொதிக்க வைத்தவள், அதில் குறை சொல்ல முடியாது. கடலூர்க் காற்றில் மூடிய பெட்டிக்குள் போன ஈரம் எங்கே காயப்போகிறது?

இனி கிருமி. எச்.ஐ.வி.யும் சைட்டோமெகலோ வைரஸும் தாய்ப்பால் வழியாகக் குழந்தைக்குப் பரவக்கூடியவை. காம்பு வெடித்திருந்தால் ரத்தமும் சேர்ந்து வரும். அமெரிக்காவில் மருந்துகளையும் மருத்துவக் கருவிகளையும் கண்காணிக்கும் அரசு அமைப்பான எஃப்.டி.ஏ., ஒருவருக்கென்று செய்த பம்பை இன்னொருவர் பயன்படுத்தக் கூடாது என்று சொல்வதற்கு இப்படியான தொற்றுகள்தான் காரணம். வீணாக யாரையும் பயமுறுத்த எனக்கு விருப்பமில்லை: மாதக்கணக்கில் காய்ந்து கிடந்த பெட்டியில் வைரஸ் உயிரோடு காத்திருப்பது அரிது. பூஞ்சையும் பாக்டீரியாவும் இருப்பது அரிதே இல்லை, பூஞ்சையை என் கண்ணாலேயே பார்த்தேன். 2016-ல் அமெரிக்காவில் ஒரு குறைமாதக் குழந்தைக்குக் குரோனோபேக்டர் என்ற பாக்டீரியா தொற்றியபோது, பம்ப் பாகங்களிலும் அது இருந்தது. அந்த பம்ப் பயன்படுத்தியது குழந்தையின் சொந்தத் தாய். பாகங்களைத் தேய்த்துக் கழுவாமல் சோப்புத் தண்ணீரில் மணிக்கணக்காக ஊற வைத்திருந்தார், அவ்வளவுதான்.

அடுத்தவர் பாலைக் கொடுக்கவே கூடாதென்று சொல்ல வரவில்லை. புதுச்சேரி ஜிப்மர் ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் வங்கியே இருக்கிறது. ஆனால் வங்கியில் கொடுப்பவருக்கு ரத்தப் பரிசோதனை உண்டு, பாலை 62.5 டிகிரியில் 30 நிமிடம் வைத்த பிறகே குழந்தைக்குப் போகும். பழைய பம்புக்கு அந்த இரண்டில் எதுவும் நடப்பதில்லை.

கிருமியை விடவும் என்னை அதிகம் உறுத்துவது தேய்மானம். “ஒரு மாசம்தான்” என்பதைக் கணக்குப் போட்டுப் பார்த்தேன். நிமிடத்துக்கு 60 இழுப்பு, ஒரு தடவைக்கு 20 நிமிடம், நாளைக்கு நான்கு தடவை. 30 நாளில் 1,44,000 இழுப்பு. ரப்பர் தளரும், மோட்டாருக்குள் மின்சாரத்தைக் கடத்தும் பிரஷ் தேயும், பேட்டரி இறங்கும். சத்தம் மட்டும் அப்படியே இருக்கும். அடிபம்பில் வாசர் தேய்ந்தால் கைக்குத் தெரிந்துவிடும், இதில் தெரியாது. இழுவை குறைந்தால் மார்பு முழுதாகக் காலியாகாது. தங்கிய பாலில் உள்ள ஒரு பொருளே சுரப்பைக் குறைக்கச் சொல்லும். இரண்டு வாரத்தில் பால் குறையும். வீட்டில் யாராவது “உனக்குப் பால் பத்தலைம்மா, பவுடர் வாங்கிடலாம்” என்பார்கள். பழி பெண்ணின் மேல் விழும். பம்பைச் சந்தேகப்பட யாருக்கும் தோன்றாது.

சோதிக்க வழியுண்டு. ஃப்ரிட்ஜ் மெக்கானிக் இழுவையை அளக்க வைத்திருக்கும் வேக்குவம் கேஜில் 10 அங்குலம் என்பது ஏறக்குறைய 250 மில்லிமீட்டர் பாதரசம். ட்யூபைப் பொருத்துவது கொஞ்சம் வித்தை, கிடைப்பதும் உத்தேசக் கணக்குதான். உள்ளங்கையை வைத்து “நல்லா இழுக்குதே” என்று சொல்வதற்கு அது மேல். வால்வ் கிழிந்திருந்தாலும் இழுவை குறையும், அது சில்லறைச் செலவு. புனல் எப்படியும் புதிதாகத்தான் வாங்க வேண்டும். காம்பின் அளவு ஆளுக்கு ஆள் வேறு, ஒருவருக்கு 24 மில்லிமீட்டர் சரி என்றால் இன்னொருவருக்கு 21.

ஆக, குளோஸ்டு சிஸ்டம், நெருங்கிய சொந்தத்தில் பயன்படுத்தியது, சவ்வும் ட்யூபும் முழுதாகப் புதிது என்றால் யோசிக்கலாம். எஃப்.டி.ஏ. அதற்கும் தலையாட்டாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பலர் பயன்படுத்துவதற்கென்றே செய்த ஆஸ்பத்திரி பம்பை வாடகைக்கு எடுப்பது வேறு கதை. அங்கே மோட்டாருக்குப் பாலே போகாது, ஒவ்வொரு தாய்க்கும் தனி கிட். கையால் அழுத்தும் பம்ப் புதிதே சில நூறு ரூபாய்க்கு வருகிறது, அதைப் பழையதாக வாங்க வேண்டிய அவசியமே இல்லை. கையால் பீய்ச்சி எடுக்கவும் கற்று வைத்துக்கொள்வது நல்லது. 2011 டிசம்பரில் தானே புயல் அடித்தபோது இந்த ஊரில் எத்தனை நாள் கரண்ட் இல்லை என்பது இங்கே இருந்தவர்களுக்குத் தெரியும்.

அவள் லாஸ்பேட்டைக்கு மெசேஜ் போட்டாள்: “சிஸ்டர், ட்யூபுக்கு முன்னாடி ரப்பர் கப் மாதிரி ஒண்ணு இருக்கா? போட்டோ அனுப்புங்களேன்.” படம் வந்தது. பெரிதாக்கிப் பார்த்தோம். ட்யூப் நேராகப் புனலின் தலையில் செருகியிருந்தது, முனையில் டீக்கறை போல ஒரு பழுப்பு வளையம்.

“வேணாம்க்கா” என்று போனை மூடினாள். வாடகைக்குக் கிடைக்குமா என்று விசாரிப்பதாகச் சொன்னாள். ஆபீஸில் கதவு சாத்திக்கொண்டு உட்கார ஓர் அறையும், பால் வைக்க ஃப்ரிட்ஜும் இருக்கிறதா என்று கேட்டேன்.

“ஃப்ரிட்ஜ் இருக்கு. ரூமை இனிமேதான் கேக்கணும்.”